புல்டோசர் – கடிதம்

ஐயா,

எங்கள் அலுவலகத்தில் ‘மீட்டிங்ல அவர் எல்லாரையும் புல்டோஸ் பண்ணிட்டார்’ என்பார்கள். மண் தள்ளும் வண்டியை வைத்துச் சொல்வதாகத்தான் நினைத்திருந்தேன். இல்லை, வண்டிக்கே அந்தச் சொல்லிலிருந்துதான் பெயர் வந்தது என்கிறார் ஒரு நண்பர். எது முந்தியது? காளைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? எளியவரை மிரட்டுகிறவனைப் புல்லி (bully) என்பதும் இதே வகைதானா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

நண்பர் சொன்னதுதான் சரி. வண்டிக்கு அந்தப் பெயர் வருவதற்கு ஏறக்குறைய ஐம்பது வருடம் முன்பே சொல் புழக்கத்துக்கு வந்துவிட்டது, அதுவும் கூட்டத்தில் குரலை உயர்த்துவதற்கல்ல, ஆளை அடித்து வழிக்குக் கொண்டுவருவதற்கு.

இடம் அமெரிக்காவின் லூசியானா, வருடம் 1876. உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்து, கறுப்பின ஆண்களுக்கு 1870இல் ஓட்டுரிமை வந்திருந்தது. அவர்களில் பெரும்பாலோர் லிங்கனின் கட்சியான குடியரசுக் கட்சிக்கு ஓட்டுப் போட்டார்கள். அதைத் தடுக்க வெள்ளையர் கும்பல்கள் ராத்திரியில் குதிரையேறி வந்து கறுப்பர்களின் குடிசைகளிலிருந்து ஆட்களை இழுத்துப்போட்டுச் சாட்டையால் அடித்தன, சிலரைக் கொன்றும் போட்டன. இதற்குத்தான் ‘புல்டோஸ்’ என்று பெயர், செய்கிறவன் ‘புல்டோசர்’. காளைக்குக் கொடுக்கிற அளவு டோஸ் என்பது அந்தக் காலப் பத்திரிகைகளே தந்த விளக்கம். நாமும் ‘மேனேஜர்கிட்ட செம டோஸ்’ என்கிறோமே, அதே டோஸ்தான், ஆனால் இங்கே வாயால் அல்ல, மாட்டுச் சாட்டையால்.

உள்ளூர்ச் சொல் நாடு முழுக்கப் பரவியதற்குக் காரணம் அந்த வருட ஜனாதிபதித் தேர்தல். அங்கே ஜனாதிபதியை முடிவு செய்வது மாநிலங்களின் சார்பில் ஓட்டுப் போடும் தேர்வாளர்கள். ஜனநாயகக் கட்சியின் டில்டனுக்கு ஜெயிக்க ஒரே ஒரு தேர்வாளர் ஓட்டுதான் குறை, அவரிடம் 184, தேவை 185. தகராறில் கிடந்தவை 20, லூசியானாவின் எட்டும் அதில் சேர்த்தி. மிரட்டல் நடந்த ஊர்களின் ஓட்டுகளை எண்ணலாமா, தள்ளலாமா என்று மாதக்கணக்கில் சண்டை, அதை எழுதிய பத்திரிகைகளில் இந்தச் சொல். கடைசியில் பதினைந்து பேர் குழு எட்டுக்கு ஏழு என்று பிரிந்து குடியரசுக் கட்சியின் ஹேய்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. அவர் பதவிக்கு வந்த அடுத்த மாதமே லூசியானாவில் கறுப்பர்களுக்குப் பாதுகாப்பாக இருந்த மத்திய ராணுவத்தின் காவலை விலக்கிக்கொண்டார். ஆக, ஜெயித்தது குடியரசுக் கட்சி, ஓட்டை இழந்தது அதற்கு ஓட்டுப் போட்டு அடிவாங்கிய கறுப்பர்கள். தெற்கில் அந்த உரிமை உருப்படியாகத் திரும்ப 1965 ஆயிற்று.

அப்புறம் சொல் கைமாறிக்கொண்டே போனது. பெரிய கைத்துப்பாக்கிக்குக் கொஞ்ச நாள், பட்டறையில் இரும்பை அழுத்தி வளைக்கும் இயந்திரத்துக்குக் கொஞ்ச நாள். 1923இல் கான்சாஸ் மாநிலத்தில் கம்மிங்ஸ், மெக்லியோட் என்ற இருவர் டிராக்டரின் முன்னால் இரும்புத் தகடு மாட்டி மண் தள்ள வழி செய்து, 1925இல் காப்புரிமையும் வாங்கினார்கள். 1930 வாக்கில் அந்த மாதிரி வண்டி புல்டோசர் ஆயிற்று. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையின் கட்டுமானப் படை பசிபிக் தீவுகளில் அதை வைத்து விமான ஓடுதளங்கள் போட்ட பிறகு, புல்டோசர் என்றால் யாருக்கும் சாட்டை ஞாபகம் வருவதில்லை.

(நம் ஊர்த் தெருவில் வந்து நிற்பது பெரும்பாலும் ஜேசிபி, இல்லையென்றால் பொக்லைன். பின்னது ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். அசல் புல்டோசருக்குச் சங்கிலிச் சக்கரமும் முன்னால் தகடும்.)

ஆனால் சொல் தன் பழைய வேலையை மறக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. உத்தரப் பிரதேசத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் வீட்டு வாசலில் இந்த வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவது மண் தள்ளவா? 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தில் கவாய், விஸ்வநாதன் அமர்வு, ஒருவர் மேல் குற்றச்சாட்டு இருக்கிறது என்பதற்காகவே அவர் வீட்டை இடிக்கக் கூடாது, இடிக்கும் முன் 15 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது.

புல்லி வேறு குடும்பம், காளையோடு சேர்க்காதீர்கள். பதினாறாம் நூற்றாண்டில் அதற்குக் காதலர், அன்பர் என்று பொருள், டச்சுக்காரர்களிடமிருந்து வந்திருக்கலாம் என்பார்கள். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் பாட்டம் என்ற நெசவாளியை அவன் கூட்டாளிகள் ‘புல்லி பாட்டம்’ என்று கூப்பிடுவது திட்டி அல்ல, செல்லமாகத்தான்.