பணத்துக்கு முன் நேரத்தைக் கேளுங்கள்

மருத்துவ ஆசிரியர்களுக்கான ஆய்வு நிதி: வாசகர் கேள்வி – பதில்

மருத்துவக் கல்லூரி ஆசிரியர்கள் ஆய்வு நிதி குறித்து அனுப்பிய கடிதங்களில் பெரும்பாலானவை, “எந்த அமைப்பு பணம் தரும்?” என்ற ஒரே கேள்வியைத்தான் பல விதமாகக் கேட்டிருந்தன. அறிவிப்புகள் அந்தந்த அமைப்புகளின் இணையதளங்களிலேயே கிடைக்கின்றன. விண்ணப்பிப்பதற்கு முன்னும் நிதி கிடைத்த பின்னும் ஆசிரியர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதைக் காட்டிய ஆறு கடிதங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: பணியில் சேர்ந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. முதுநிலைப் பட்டத்துக்காக எழுதிய ஆய்வேட்டைத் தவிர எனக்கு வேறு ஆய்வு அனுபவம் இல்லை. நிதி அமைப்புகள் முன்னோட்டத் தரவு கேட்கின்றன. அந்தத் தரவைத் திரட்டவே நிதி வேண்டியிருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது, ஐயா?
– உதவிப் பேராசிரியர், பொது மருத்துவத் துறை

பதில்: பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்கள் (மனநல மருத்துவ நண்பர்கள் பழமொழியைப் பொறுத்தருள வேண்டும்). உங்கள் நிலைமை பார்ப்பதற்கு அப்படி இருந்தாலும், முன்னோட்டத் தரவு என்றால் ஆய்வின் முடிவை முன்கூட்டியே நிரூபித்துக் காட்டுவது என்று நீங்கள் எண்ணிவிட்டதால்தான் இந்த முடிச்சு விழுந்திருக்கிறது. மதிப்பீட்டாளர் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவது, இந்த ஆய்வை இந்த இடத்தில் இவரால் செய்து முடிக்க இயலுமா என்பதைத்தான். நீங்கள் ஆராய விரும்பும் நோயோடு மாதத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள், அவர்களில் எத்தனை பேர் ஆய்வில் சேரத் தகுதியுடையவர்கள், கேட்டால் எத்தனை பேர் சம்மதிப்பார்கள், ஆறு வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு எத்தனை பேர் திரும்பி வருவார்கள் என்ற நான்கு எண்களும் கையில் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெற்றுக்கொண்டு, வார்டில் செவிலியர் மேசையருகே ஒரு கோடிட்ட நோட்டை வைத்து, மூன்று மாதம் நாள்தோறும் நான்கு கட்டங்களை நிரப்பி வந்தால் இந்த எண்கள் கிடைத்துவிடும். நோட்டின் விலையைத் தவிர வேறு செலவில்லை. பழைய நோயாளர் பதிவேடுகளை வைத்துச் செய்யும் ஆய்வுகளும் அப்படித்தான். பணத்தை விடப் பொறுமையைத்தான் அதிகம் கேட்கும்.

அதன் பிறகு ஒவ்வொரு படியாக ஏறுங்கள். கல்லூரியின் தொடக்க நிதி, உங்கள் சிறப்புத் துறைச் சங்கம் தரும் சிறு நல்கை, தேசிய அமைப்புகளின் சிறு நல்கை, பெரிய நல்கை என்பது உலகெங்கும் ஏறத்தாழ ஒரே வரிசைதான். அமெரிக்காவில் மருத்துவ ஆய்வுக்கு நிதி தரும் அரசு அமைப்பான என்.ஐ.எச்.சில் (தேசிய சுகாதார நிறுவனங்கள்) இந்தப் படிகள் தெளிவாகத் தெரியும். ஆர்03 என்னும் சிறு நல்கை ஆண்டுக்கு 50,000 டாலர் வரை இரண்டு ஆண்டுகளுக்குக் கிடைக்கும். புதிய முயற்சிகளுக்கான ஆர்21 இரண்டு ஆண்டுகளுக்குமாகச் சேர்த்து 2,75,000 டாலர் வரை தரும். ஐந்து ஆண்டு வரை நீளக்கூடிய ஆர்01 அவற்றுக்கு மேலே இருக்கிறது. முதல் படியில் கால் வைக்காமல் மூன்றாவது படிக்குத் தாவும் விண்ணப்பங்களை மதிப்பீட்டுக் குழுவில் இருந்தபோது நிறையப் பார்த்திருக்கிறேன். எழுதியவரின் அறிவைப் பற்றி யாருக்கும் ஐயம் எழுவதில்லை; இவ்வளவு பணத்தை இவர் இதுவரை கையாண்டதில்லையே என்ற தயக்கம்தான் எழும்.

கேள்வி: அறுவை சிகிச்சைத் துறையில் இணைப் பேராசிரியராக இருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நல்கை கிடைத்தும், புறநோயாளிப் பிரிவு, அறுவை அரங்கு, வகுப்பு, தேர்வுப் பணி ஆகியவற்றுக்கிடையே ஆய்வுக்கு நேரமில்லாமல் பாதிப் பணத்தைச் செலவிடாமலே திருப்பிக் கொடுத்தேன். மறுபடியும் விண்ணப்பிக்கவே அச்சமாக இருக்கிறது.

பதில்: உங்கள் கடிதத்தை முதலில் வைத்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது, ஏனெனில் மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் இருப்பது இதுதான். பணம் கிடைத்தும் ஆய்வு நடக்கவில்லை என்றால் குறைந்தது பணமல்ல, நேரம். இது புதிய கவலையும் அல்ல. பின்னாளில் என்.ஐ.எச்.சின் இயக்குநரான ஜேம்ஸ் விங்கார்டன், நோயாளியையும் பார்த்து ஆய்வையும் செய்யும் மருத்துவர்களை அழிந்துவரும் இனம் என்று 1979-ஆம் ஆண்டிலேயே வருணித்து எழுதினார்.

அதனால் மருத்துவர்களுக்கென்றே அமைந்த சில திட்டங்கள், பணத்தோடு நேரத்தையும் சேர்த்து நிபந்தனையாக்குகின்றன. என்.ஐ.எச்.சின் கே08, கே23 என்னும் வழிகாட்டியோடு கூடிய பணிவளர்ச்சி நல்கைகளைப் பெறுபவர் தம் பணிநேரத்தில் குறைந்தது 75 விழுக்காட்டை ஆய்வுக்கும் அதற்கான பயிற்சிக்கும் ஒதுக்க வேண்டும். அறுவைத் துறையினருக்குச் சில பிரிவுகள் இதை 50 விழுக்காடாகத் தளர்த்துகின்றன. பிரிட்டனில் தேசிய சுகாதார, பராமரிப்பு ஆய்வு நிறுவனத்தின் திட்டத்தில், தொடக்கநிலையில் இருக்கும் மருத்துவருக்கு நான்கில் ஒரு பங்கு நேரமும், அடுத்த நிலையிலுள்ள மருத்துவ விரிவுரையாளருக்குப் பாதி நேரமும் ஆய்வுக்கென ஒதுக்கப்படுகின்றன. இந்தியாவின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து 2008-இல் தொடங்கிய இந்தியா அலையன்ஸ் அமைப்பு, மருத்துவர்களுக்கும் பொதுச் சுகாதார ஆய்வாளர்களுக்கும் தனி ஆய்வு விருதுகளை வைத்திருக்கிறது. கருவி வாங்கப் பணம் தரும் நல்கையையும் ஆளை வளர்க்கும் விருதையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். உங்களுக்கு இப்போது வேண்டியது இரண்டாவது வகை.

அத்தகைய விருது கிடைக்காவிட்டாலும், அடுத்த விண்ணப்பத்தில் கையெழுத்திடுவதற்கு முன் துறைத்தலைவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். “இவ்வாய்வுக்கு எங்கள் நிறுவனம் முழு ஒத்துழைப்பு நல்கும்” என்ற வாக்கியத்தை எந்த மதிப்பீட்டாளரும் இரண்டாம் முறை படிப்பதில்லை. “செவ்வாய், வியாழன் பிற்பகல்களில் இவர் பெயர் அறுவைப் பட்டியலில் இடம்பெறாது; அந்நேரங்களில் அவசர அழைப்புகளை இன்ன அலகு ஏற்கும்” என்று எழுதி வாங்குங்கள். இப்படி எழுதித் தரத் துறைத்தலைவர் தயங்கினால், பணம் வந்த பிறகு அந்த நேரம் கிடைக்கப்போவதில்லை என்று இப்போதே தெரிந்துவிடும். அதுவும் ஒரு லாபம்தான். மற்றொன்று, நோயாளிகளைச் சந்தித்துச் சம்மதம் பெறுவதற்கும் படிவம் நிரப்புவதற்கும் ஓர் ஆய்வு ஒருங்கிணைப்பாளரின் சம்பளத்தைத் திட்டச் செலவில் கட்டாயம் சேருங்கள். சென்ற முறை அதைத்தான் நீங்கள் விட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அறுவை மருத்துவர்கள் கருவிக்குக் கேட்பார்கள், ஆளுக்குக் கேட்கக் கூச்சப்படுவார்கள்.

கேள்வி: என் விண்ணப்பம் இரண்டு முறை நிராகரிக்கப்பட்டது. ஒரு மதிப்பீட்டாளர் “மிகச் சிறந்த கருத்து” என்கிறார். இன்னொருவர் “புதுமை ஏதுமில்லை” என்கிறார். இருவரும் ஒரே குரலில் சொல்வது, ஆய்வு நோக்கங்கள் மிகையானவை என்பது மட்டுமே. விட்டுவிடலாமா?
– உடலியங்கியல் துறை ஆசிரியர்

பதில்: விடக்கூடாது. மதிப்பீட்டாளர்கள் முரண்படுவது உங்கள் விண்ணப்பத்துக்கு மட்டும் நேர்ந்த விபத்தல்ல. என்.ஐ.எச்.சுக்கு அனுப்பப்பட்ட 25 விண்ணப்பங்களை 43 மதிப்பீட்டாளர்களிடம் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2018-இல் வெளியானது. ஒரே விண்ணப்பத்தைப் படித்தவர்களிடையே கருத்தொற்றுமை என்று சொல்லத்தக்க எதுவும் காணப்படவில்லை. நியூசிலாந்தின் சுகாதார ஆய்வு மன்றம் தன் நல்கைகளில் ஒரு வகைக்கு, அடிப்படைத் தகுதியைச் சரிபார்த்த பின் குலுக்கல் முறையிலேயே ஆளைத் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறது. வேடிக்கையாகத் தோன்றினாலும் அதில் ஒரு நேர்மை இருக்கிறது.

நெதர்லாந்தில் நடந்த இன்னோர் ஆய்வு உங்களுக்கு இன்னும் நேரடியாகப் பொருந்தும். தகுதிக்கோட்டுக்குச் சற்று மேலே இருந்து நிதி பெற்ற இளம் ஆய்வாளர்கள், சற்றுக் கீழே இருந்து தவறவிட்டவர்களை விட, அடுத்த எட்டு ஆண்டுகளில் இரு மடங்குக்கும் மேலான நிதியைச் சேர்த்தார்கள். இரு சாராரின் தரத்திலும் சொல்லும்படியான வேறுபாடு இல்லாதபோது இவ்வளவு இடைவெளி ஏற்பட்டதற்கு ஒரு காரணம், தவறவிட்டவர்கள் பின்னர் விண்ணப்பிப்பதையே குறைத்துக்கொண்டதுதான்.

ஆனால் உங்கள் மதிப்பீட்டாளர்கள் இருவரும் ஒத்துச் சொன்ன அந்த ஒன்றை வேதவாக்காக எடுத்துக்கொள்ளுங்கள். என் முதல் விண்ணப்பமும் இதே குறைக்காகத்தான் திரும்பி வந்தது. நீங்கள் இணைத்திருந்த முதல் பக்கத்தில், “நீரிழிவு நோயாளிகளின் கால்புண் ஆறுவதைப் பாதிக்கும் மரபணு, ஊட்டச்சத்து, சமூகக் காரணிகளைக் கண்டறிந்து, அவற்றின் அடிப்படையில் ஒரு சிகிச்சை நெறிமுறையை உருவாக்குதல்” என்று எழுதியிருக்கிறீர்கள். இது மூன்று பேராசிரியர்களின் வாழ்நாள் வேலை. இதையே, “கால்புண்ணோடு வரும் நீரிழிவு நோயாளிகளில், சேர்க்கையின்போது இரத்தத்தில் ஆல்புமின் குறைவாக இருப்பவர்களுக்குப் பன்னிரண்டு வாரத்தில் புண் ஆறும் வாய்ப்பு குறைகிறதா?” என்று மாற்றிப் பாருங்கள். யாரை, எதை, எப்போது அளக்கப்போகிறீர்கள் என்பது ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டது. எத்தனை பேர் தேவை என்று புள்ளியியலாளர் கணக்கிட்டுச் சொல்லவும் இப்போதுதான் வழி பிறக்கிறது. இந்தக் கேள்விக்கு விடை “இல்லை” என்று வந்தாலும் அது ஒரு கட்டுரையாகும். பழைய வாக்கியத்துக்கு விடையே வராது.

மதிப்பீட்டுக் குறிப்பு கைக்கு வந்த அன்றே பதில் எழுத உட்காராதீர்கள். ஒரு வாரம் மேசை இழுப்பறையில் கிடக்கட்டும். அதன் பின் எடுத்து, துறைக்கு வெளியே உள்ள ஒருவரிடம் உங்கள் முதல் பக்கத்தை மட்டும் கொடுத்து, நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்லுவது வேறாக இருந்தால் மதிப்பீட்டாளருக்கும் வேறாகத்தான் புரிந்திருக்கும்.

கேள்வி: மருந்து நிறுவனத்தின் நிதியை ஏற்கலாமா?

பதில்: ஏற்கலாம், ஒப்பந்தத்தைப் படித்த பிறகு. முடிவு எதுவானாலும் வெளியிடும் உரிமை உங்களிடம் இருக்கிறதா, தரவு முழுவதையும் பார்க்கும் உரிமை உண்டா, ஆய்வில் பங்கேற்பவருக்குத் தீங்கு நேர்ந்தால் இழப்பீடு யார் பொறுப்பு என்ற மூன்றுக்கும் எழுத்தில் விடை வேண்டும். மருந்துச் சோதனையாக இருந்தால், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பொதுப் பதிவேட்டில் பதிந்துவிடுங்கள். 2005 முதல், இந்த நிபந்தனையை ஏற்ற மருத்துவ இதழ்கள் பதியப்படாத சோதனைகளை ஏற்பதில்லை. நிதி யாருடையது என்பதை ஒவ்வொரு கட்டுரையிலும் சொல்லுங்கள்.

கேள்வி: இரண்டு பிரசவங்கள், பிறகு மாமியாரின் நீண்ட நோய் என்று ஐந்து ஆண்டுகள் ஆய்வை விட்டு விலகியிருந்தேன். இளம் ஆய்வாளர் என்ற வரம்பை இப்போது தாண்டிவிட்டேனோ என்று அஞ்சுகிறேன்.
– குழந்தை மருத்துவத் துறை ஆசிரியை

பதில்: தாண்டிவிட்டதாக நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள், அம்மா. பல அமைப்புகள் வயதைப் பார்ப்பதில்லை. பட்டம் பெற்ற நாளிலிருந்து ஆண்டுகளை எண்ணுகின்றன, அந்த எண்ணிக்கையிலும் விலக்கு தருகின்றன. என்.ஐ.எச். இறுதிப் பட்டம் அல்லது மருத்துவப் பயிற்சி முடிந்து 10 ஆண்டுக்குள் இருப்பவரைத் தொடக்கநிலை ஆய்வாளராகக் கொள்கிறது. குழந்தைப் பேற்றுக்காக ஓராண்டு கூடுதலாகத் தருகிறது. ஐரோப்பிய ஆய்வு மன்றம் தன் தொடக்க நல்கைகளில் தாய்மார்களுக்கு ஒவ்வொரு குழந்தைக்கும் 18 மாத நீட்டிப்பு வழங்கி வந்திருக்கிறது. மருத்துவப் பயிற்சிக் காலத்துக்கும் அங்கே விலக்கு உண்டு. உங்கள் இடைவெளியை மறைக்காமல், தேதிகளோடு இரண்டு வரியில் எழுதுங்கள். காரணத்துக்காக வருந்தும் தொனி வேண்டாம்.

குடும்பப் பொறுப்புகளுக்கிடையே ஆய்வு நின்றுபோகாமல் காக்க, அமெரிக்காவின் டோரிஸ் டியூக் அறக்கட்டளை 2015-இல் தனியாக ஒரு நிதியைத் தொடங்கியது. அதைப் பெற்ற இளம் மருத்துவ ஆய்வாளர்கள், கூடுதல் ஆய்வு உதவியாளரை அமர்த்துவது போன்ற தேவைகளுக்குப் பயன்படுத்தினார்கள். அதாவது வீட்டில் இருக்கும்போதும் ஆய்வகத்தில் வேலை நடந்துகொண்டிருக்க ஒரு கை. இத்தகைய நிதி உங்கள் கல்லூரியில் இல்லாவிட்டால், அந்த முன்மாதிரியைக் காட்டிக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

கேள்வி: நான் துறைத்தலைவர். எங்களிடம் நிதி அதிகமில்லை. இளம் ஆசிரியர்கள் வெளியிலிருந்து நல்கை பெற, கையில் இருப்பதைக் கொண்டு என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அவர்கள் வீணாக்கும் உழைப்பைக் குறையுங்கள். ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆய்வு மன்றத்துக்கு 2012-ஆம் ஆண்டுச் சுற்றில் 3,727 விண்ணப்பங்கள் எழுதப்பட்டன. அவற்றைத் தயாரிக்க ஆய்வாளர்கள் செலவிட்ட நேரத்தைக் கூட்டியவர்கள் ஏறத்தாழ 550 பணியாண்டுகள் என்று கணக்கிட்டார்கள். சராசரியாக ஒரு விண்ணப்பத்துக்கு 34 பணிநாட்கள். நிதி கிடைத்ததோ ஐந்தில் ஒன்றுக்குத்தான். எனவே முழு விண்ணப்பத்தை எழுதும்முன் ஒரு பக்கச் சுருக்கத்தைத் துறைக்குள் வாசித்துக் குறைகளைச் சொல்லும் வழக்கத்தைத் தொடங்குங்கள். அந்த அரைமணி நேரம் ஒரு மாத உழைப்பைக் காப்பாற்றும். நல்கை பெற்ற மூத்த ஆசிரியர்கள் தங்கள் பழைய விண்ணப்பங்களை, நிராகரிக்கப்பட்டவை உள்பட, ஒரு கோப்பில் வைத்துப் படிக்கக் கொடுக்கட்டும். வெற்றி பெற்றவற்றை விடத் தோற்றவற்றிலிருந்துதான் இளைஞர்கள் அதிகம் கற்கிறார்கள், ஆனால் அவற்றைக் காட்டத்தான் நமக்கு மனம் வருவதில்லை.

செலவுத் திட்டத்தை ஒருமுறை நீங்களே பாருங்கள். மைனஸ் 80 டிகிரி உறைபெட்டிக்கு விலை எழுதியிருப்பார்கள். மின்சாரம் போனால் எது தாங்கும், பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு யார் பணம் கட்டுவது, திட்டம் முடிந்த பின் மாதிரிகள் எங்கே போகும் என்பவை எங்கும் இருப்பதில்லை. புள்ளியியலாளருக்கான ஊதியமும் பெரும்பாலும் விட்டுப்போயிருக்கும். குறைவாகக் கேட்டால் சீக்கிரம் கிடைக்கும் என்பது தவறான எண்ணம். கணக்குத் தெரியாதவர் என்றுதான் குழு எடுத்துக்கொள்ளும்.

கடைசியாக, மேலே அந்த அறுவை மருத்துவருக்குச் சொன்ன கடிதம் உங்கள் மேசைக்குத்தான் வரும். இரண்டு பிற்பகல்களை ஒருவருக்கு விடுவித்தால் அந்த வேலையை யார் யார் பகிர்ந்துகொள்வது என்ற பணிப்பட்டியலை இந்த மாதமே எழுதிப் பாருங்கள். பட்டியல் தயாரான பிறகு நிதி அறிவிப்புகளை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம்.