பெண்ணுக்கு வலு காணாதா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பக்கம் கச்சான் (நிலக்கடலை) பிடுங்க, களை எடுக்க எல்லாம் பெண்கள்தான் போகிறோம். நாட்கூலி மட்டும் ஆண்களைவிடக் குறைவு. கேட்டால் "பொம்பிளையளுக்கு வலு காணாது" என்கிறார்கள். உண்மையா?
– ஒரு வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: ஒரேயடியாகப் பாரம் தூக்குவதில் சராசரி ஆணுக்கு வலு கூடத்தான் அக்கா, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 50 கிலோ உரமூட்டையை லாண்ட்மாஸ்டரில் (இரு சக்கர உழவு இயந்திரத்தில்) ஏற்றுவது கொஞ்ச நேர வேலை. கச்சான் பிடுங்குவது அப்படியா? குனிந்தபடியே செடியை அடியில் சேர்த்துப் பிடித்து, காய் மண்ணுக்குள் அறுந்து நிற்காமல் இழுத்து, மண்ணை உதறிப் போட்டுவிட்டு அடுத்த செடிக்குப் போக வேண்டும், அதுவும் மழை விட்டு நிலம் இறுகியிருந்தால் விரல், முன்கை, தோள், முதுகு ஒன்றுக்கும் ஓய்வில்லை. காலையில் இறங்கினால் வெயில் உச்சிக்கு வந்த பிறகும் இதேதான்.

2017இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்றை வெளியிட்டார்கள். மத்திய ஐரோப்பாவில் விவசாயம் தொடங்கிய காலத்துப் பெண்களின் எலும்புகளை இன்றைய பெண்களின் எலும்புகளோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் படகோட்டி வீராங்கனைகள், ஒரு நாளைக்கு இரண்டு தடவை பயிற்சி எடுத்து வாரத்துக்கு 120 கிலோமீட்டர் அளவில் துடுப்புப் போடுகிறவர்கள், அவர்களைவிட அந்தப் பழைய விவசாயப் பெண்களின் மேற்கை எலும்பு 11 முதல் 16 சதவீதம் வரை உறுதியாக இருந்திருக்கிறது. காலெலும்பில் அப்படிப் பெரிய வித்தியாசம் இல்லை. நிலத்தைக் கிண்டியதும், கையால் அறுவடை செய்ததும், தானியத்தைக் கல்லில் மணிக்கணக்காக அரைத்ததும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். எலும்பு உயிருள்ளது, சுமை விழ விழத் தடிக்கும்.

இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. முன்பெல்லாம் பெண்ணின் எலும்பை ஆணின் எலும்போடுதான் ஒப்பிட்டார்கள். அதே வேலைக்கு ஆணின் எலும்பு கூடுதலாக மாறிக் காட்டும் என்பதால், பெண்கள் செய்த வேலை கணக்கிலேயே வராமல் போயிருக்கிறது. உங்கள் கூலியிலும் அதுதான் நடக்கிறது. வலுவைப் பற்றி வாதாடப் போகாதீர்கள். ஒரே வரம்புக்குள் ஒரே நேரம் செய்த வேலைக்கு ஒரே கூலி என்று எல்லாரும் சேர்ந்து கேளுங்கள். போருக்குப் பிறகு வன்னியில் எத்தனையோ குடும்பங்கள் பெண்ணின் உழைப்பில்தான் நிற்கின்றன, அந்தக் காசு குறைந்தால் குறைவது பிள்ளைகளின் சாப்பாடு.

கேள்வி: காலமெல்லாம் வயலில் நின்ற என் அம்மா, வயது 62, முற்றத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். வேலை செய்த எலும்பு எப்படி உடைந்தது?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹோர்மோன் குறைந்து எலும்பு வேகமாகத் தேயும் தம்பி, உழைத்த உடம்பும் அதற்கு விலக்கில்லை. லேசாக விழுந்தே உடைந்திருப்பதால், கட்டு அவிழ்க்கப் போகும்போது எலும்புத் தேய்வு இருக்கிறதா என்று வைத்தியரிடம் கட்டாயம் கேளுங்கள். குரக்கன், நெத்தலிக் கருவாடு, முருங்கையிலை அடிக்கடி கொடுங்கள். பெண்கள் எல்லாருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைத்தான் சாப்பிடுவார்கள், அம்மாவின் தட்டை நீங்களே ஒருக்கால் பாருங்கள்.