கமிஷனர் தேர்வுக் குழுவில் உங்கள் மகள்

அன்புள்ள ஐயா, அம்மா இருவருக்கும் வணக்கம்.

நீங்கள் அனுப்பிய நீண்ட கடிதத்தை இரண்டு முறை படித்தேன். டெக்சாஸில் ஒரு சிறிய கல்லூரியில் மூன்றாம் ஆண்டு உயிரியல் படிக்கும் உங்கள் மகள் மருத்துவக் கல்லூரிக்கான எம்கேட் நுழைவுத் தேர்வுக்குப் பதிவு செய்யாமல் நாளைத் தள்ளிக்கொண்டே வந்தாள் என்றும், தன் கல்லூரி சேர்ந்திருக்கும் விளையாட்டுக் கான்ஃபரன்ஸுக்குப் புதிய கமிஷனரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் மாணவர் பிரதிநிதியாக உட்கார்ந்தாள் என்றும், அது முடிந்து வீட்டுக்கு வந்தவள் ‘எனக்கும் இந்த வேலைதான் வேண்டும்’ என்று சொன்னதிலிருந்து இருவருக்கும் தூக்கமில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கமிஷனர் என்றதும் போலீஸ் வேலை என்று நினைத்துவிட்டதாக அம்மா எழுதிய வரியைப் படித்துச் சிரித்தேன்; நம் ஊரில் வளர்ந்த யாருக்கும் அப்படித்தான் தோன்றும். பிள்ளை கெட்டுப்போய்விடவில்லை, கவலைப்படாதீர்கள். ஆறுதல் இத்துடன் போதும். இனிமேல் எழுதப்போவதில் பாதி உங்களுக்குப் பிடிக்காது.

உங்கள் கடிதத்தில் உறவினர்களின் யோசனைகள் இரண்டு இருக்கின்றன. ‘ஒரு வருடம் இந்தப் பைத்தியம் தெளியட்டும், பிறகு மெடிக்கல் சேர்த்துவிடலாம்’ என்பது பெரிய மாமாவின் யோசனை. ‘விளையாட்டுத்தான் என்றால் பெயர் பெற்ற தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் விளையாட்டு மேலாண்மை முதுகலையாவது படிக்கட்டும், கடன் வாங்கினாலும் பரவாயில்லை’ என்பது கலிபோர்னியா சித்தப்பாவின் யோசனை. மாமாவின் யோசனையைக் காலம் பார்த்துக்கொள்ளும். சித்தப்பாவின் யோசனைதான் ஆபத்தானது, ஏனென்றால் அது விட்டுக்கொடுப்பதைப்போல் தோன்றி, உங்கள் சேமிப்பையும் மகளின் இரண்டு வருடங்களையும் ஒருசேரக் கேட்கிறது. மருத்துவத்தையும் கணினியையும் பற்றி நான் இங்கே ஒரு வரிகூட எழுதப்போவதில்லை. உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அவை என்னைவிட நன்றாகத் தெரியும்.

அந்த வேலை என்ன என்பதை முதலில் பார்ப்போம். கான்ஃபரன்ஸ் என்ற சொல்லைக் கேட்டு மாநாடு என்று எண்ண வேண்டாம். தங்களுக்குள் ஆட்ட அட்டவணை வகுத்து, கோப்பை நடத்தி, நடுவர்களை நியமித்து, ஒளிபரப்பு உரிமையை ஒன்றாக விற்கும் கல்லூரிகளின் கூட்டமைப்பு அது. பிக் டென் என்ற பெரிய கான்ஃபரன்ஸ் 1896இல் உருவானது. முதல் கமிஷனரை 1922இல்தான் அது நியமித்தது. கமிஷனர் என்பவர் அந்தக் கல்லூரிகளின் தலைவர்களிடம் சம்பளம் வாங்கும் ஊழியர். வெளியிலிருந்து பார்த்தால் அதிகாரி போலத் தெரிவார். உள்ளே பத்துப் பதினைந்து முதலாளிகளை ஒரே நேரத்தில் சமாளிக்க வேண்டியவர். அவரைத் தேர்ந்தெடுப்பதும் அந்தத் தலைவர்கள்தான். சிலர் சேர்ந்து ஒரு தேர்வுக் குழு அமைப்பார்கள், பெரிய கான்ஃபரன்ஸ் என்றால் ஆள் தேடித் தரும் நிறுவனம் ஒன்றை அமர்த்துவார்கள், பெயர்கள் கசியாமல் நேர்காணல் நடக்கும், கடைசியில் தலைவர்கள் வாக்களிப்பார்கள்.

அண்மைக் காலத்தில் யார் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பார்த்தால் சித்தப்பாவுக்கான பதில் அங்கேயே கிடைக்கிறது. பிக் 12 கான்ஃபரன்ஸ் 2022இல் பிரெட் யார்மார்க்கை எடுத்தது. அவர் இசை, பொழுதுபோக்கு நிறுவனமான ராக் நேஷனிலிருந்து வந்தார். பிக் டென் 2023இல் டோனி பெட்டிட்டியை எடுத்தது. சிபிஎஸ் ஸ்போர்ட்ஸ், மேஜர் லீக் பேஸ்பால் என்று ஒளிபரப்பு உலகில் நெடுங்காலம் இருந்தவர். பாக்-12 கான்ஃபரன்ஸ் 2021இல் சூதாட்ட விடுதிகள் நடத்தும் எம்ஜிஎம் நிறுவனத்திலிருந்து ஜார்ஜ் கிளியாவ்காஃபை அழைத்து வந்தது; 2023 செப்டம்பர் முதல் தேதிக்குள் பன்னிரண்டு பல்கலைக்கழகங்களில் பத்து வெளியேற முடிவெடுத்துவிட்டன. பழி முழுவதும் அவருடையது என்று நான் சொல்லமாட்டேன், விரிசல் அதற்கு முன்பே தொடங்கியது. ஆனால் எஞ்சியிருந்த இரண்டு பல்கலைக்கழகங்களும் 2024 மார்ச்சில் பொறுப்பை ஒப்படைத்தது, கலிபோர்னியாவின் பெர்க்லி, டேவிஸ் பல்கலைக்கழகங்களில் விளையாட்டு நிர்வாகத்தில் வேலை பார்த்து, அந்தக் கான்ஃபரன்ஸ் அலுவலகத்திலேயே துணைக் கமிஷனராக இருந்த டெரசா கூல்டிடம். வீடு இடிந்த பிறகு, அதன் ஒவ்வொரு சுவரையும் அறிந்தவரைத்தான் கூப்பிட்டார்கள்.

வெளியிலிருந்து வந்தவர்கள் தங்கள் துறைகளில் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்துவிட்டு வந்தவர்கள். இருபத்தோரு வயதுப் பெண் அந்த வழிக்கு இன்று தயாராக முடியாது. உள்ளிருந்து ஏறுகிறவர்களின் வழிதான் அவளுக்கு இன்று திறந்திருக்கிறது, அந்த வழியில் அடிக்கடி தென்படும் படி ஒன்று உண்டு. அதை நம் குடும்பங்களில் யாரும் பெயர் சொல்லிக்கூடக் கேட்டதில்லை: கம்ப்ளையன்ஸ், அதாவது விதிகளைக் காக்கும் அலுவலகம்.

ஜிம் டிலேனி முப்பது ஆண்டுகள் பிக் டென்னை நடத்தியவர். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆடி, அங்கேயே சட்டம் படித்து, கல்லூரி விளையாட்டுக்கான தேசிய அமைப்பான என்சிஏஏவில் விதிமீறல்களை விசாரிக்கும் வேலையில் இருந்தார். பிறகு ஒஹையோ வேலி என்ற சிறிய கான்ஃபரன்ஸின் கமிஷனர் ஆனார். 1989இல்தான் பிக் டென்னுக்குப் போனார். இன்று தென்கிழக்குக் கான்ஃபரன்ஸை, அதாவது எஸ்இசியை நடத்தும் கிரெக் சாங்கி, யூட்டிகா என்ற சிறிய கல்லூரியில் மாணவர்களின் உள்விளையாட்டுப் போட்டிகளைக் கவனிக்கும் வேலையில் தொடங்கியவர். லூசியானாவில் நார்த்வெஸ்டர்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்தார், அதோடு கோல்ஃப் அணிக்கும் பயிற்சி கொடுத்தார். 1996இல் சவுத்லேண்ட் கான்ஃபரன்ஸின் கமிஷனர். 2002இல் எஸ்இசியில் உதவி நிலைப் பதவி. 2015இல் அதன் தலைமை. சிறிய இடத்தில் கமிஷனராக இருந்தவர் பெரிய இடத்தில் கீழ்ப்படியில் போய் நின்று, பதின்மூன்று ஆண்டுகள் காத்திருந்தார் என்பதைக் கவனியுங்கள். மவுண்டன் வெஸ்ட் கான்ஃபரன்ஸ் 2023இல் பொறுப்பேற்க அழைத்த குளோரியா நெவாரெஸ் கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவர், பெர்க்லியில் சட்டம் படித்தவர், அதற்கு முன் வெஸ்ட் கோஸ்ட் கான்ஃபரன்ஸின் கமிஷனர். இவர்களை மேலே கொண்டுபோனது முதுகலைப் பட்டத்தின் பெயர் என்று யாராலும் சொல்ல முடியாது.

கம்ப்ளையன்ஸ் அலுவலகத்தில் ஒரு நாள் எப்படிப் போகும் என்பதைச் சொல்கிறேன். காலையில் ஒரு பயிற்சியாளர் வந்து நிற்பார்: நேற்று வீடியோ பார்த்த ஒன்றரை மணி நேரமும் பயிற்சிக் கணக்கில் சேருமா? சேரும். ஆட்டப் பருவத்தின்போது, என்சிஏஏவின் மேல்மட்டமான டிவிஷன் ஒன்று மாணவர்களுக்கு வாரத்தில் இருபது மணி நேரமே பயிற்சி, ஒரு நாள் கட்டாய ஓய்வு. அடுத்து ஓர் உயர்நிலைப்பள்ளி மாணவியின் மதிப்பெண் பட்டியல் வரும். பதினாறு முக்கியப் பாடங்கள் முடிந்தனவா, அவற்றின் சராசரி நான்குக்கு 2.3ஐத் தொட்டதா என்று விரல் வைத்து எண்ண வேண்டும். மூன்றாம் ஆண்டில் நுழையும் ஒருவன் தன் பட்டத்தில் நாற்பது விழுக்காட்டை முடித்திருக்கிறானா என்று பார்க்க வேண்டும். நான்காம் ஆண்டில் அறுபது, ஐந்தாம் ஆண்டில் எண்பது. ஒரு பாடம் குறைந்தால் அவன் சனிக்கிழமை ஆடக் கூடாது, அதை அவனிடமும் அவன் பயிற்சியாளரிடமும் நேரில் சொல்ல வேண்டியவர் இந்த அலுவலகத்தின் கடைசி நாற்காலியில் இருக்கும் இருபத்து நான்கு வயதுப் பெண்ணாகவும் இருக்கலாம். பிற்பகலில் வேறு கல்லூரிக்குப் போக விரும்புகிறவர்களின் பெயர்களை மாற்றுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். மாலையில் அந்த ஊர்க் கார் விற்பனையாளர் ஒருவர் வீரர் ஒருவருடன் செய்த விளம்பர ஒப்பந்தம் வரும். 600 டாலரோ அதற்கு மேலோ என்றால் அது முறைப்படி அறிவிக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும்.

இந்த வேலை இப்போது ஊதிப் பெருகிக்கொண்டிருக்கிறது. 2021 ஜூலை முதல் மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கென் ஒப்புதல் அளித்த, என்சிஏஏ மீது வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசப்படி, முன்னாள் வீரர்களுக்கு ஏறத்தாழ 2.8 பில்லியன் டாலர் இழப்பீடு தர வேண்டும். அந்த ஜூலை முதல், சமரசத்தில் சேர்ந்த பல்கலைக்கழகம் ஒவ்வொன்றும் முதல் ஆண்டில் 20.5 மில்லியன் டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பங்கிடலாம். அதைக் கண்காணிக்கப் புதிதாக ஒரு கமிஷன் எழுந்தது, அதன் தலைவராக வந்த பிரையன் சீலி முன்னாள் மத்திய அரசு வழக்கறிஞர். ஒரு தொழிலின் விதிப்புத்தகம் முழுவதும் நம் கண்முன்னே திருத்தி எழுதப்படும்போது, அந்தப் புத்தகத்தைப் படிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் கிராக்கி.

இப்போது பணம். இதில் நான் கறாராகத்தான் பேசுவேன். விளையாட்டு மேலாண்மை முதுகலைக்காக நீங்கள் தனியார் கடனில் இணைக் கையொப்பம் போடக் கூடாது, ஓய்வுக்கால 401(கே) கணக்கைத் தொடக் கூடாது. 2026 ஜூலை முதல் புதிதாக முதுகலைக் கடன் வாங்குகிறவர்களுக்கு மத்திய அரசு தருவது ஆண்டுக்கு 20,500 டாலர்தான். சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு 50,000. (வீரர்களின் பங்குக்கும் மாணவர்களின் கடனுக்கும் அதே இலக்கங்கள், ஆயிரத்துக்குப் பதில் மில்லியன் என்பதுதான் வேறுபாடு, அமெரிக்காவில் கல்லூரி என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இதைச் சொல்வேன்.) சித்தப்பா சொன்ன பல்கலைக்கழகத்தின் கட்டணத்துக்கும் இந்த வரம்புக்கும் நடுவிலுள்ள பள்ளத்தை நிரப்பப்போவது நீங்கள், சித்தப்பா இல்லை. மகள் முதுகலை படிக்கத்தான் விரும்பினால், பட்டதாரி உதவியாளர் பணி கொடுத்துக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் இடமாகப் பார்த்து, விளையாட்டு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கட்டும். இந்தத் துறையின் முதல் முதுகலைப் படிப்பு 1966இல் தொடங்கியது ஒஹையோ பல்கலைக்கழகத்தில், ஏதென்ஸ் என்ற சிற்றூரில். பெருநகர முகவரியும் விலையும் தரத்துக்கு அடையாளம் ஆகா. இண்டியானாபொலிஸில் என்சிஏஏ நடத்தும் ஓராண்டு ஊதியப் பயிற்சிக்கும் அவள் விண்ணப்பிக்கலாம். ஊதியமே இல்லாத பயிற்சி என்றால், எத்தனை பெரிய பெயராக இருந்தாலும் வேண்டாம். மூன்று ஆண்டு வேலைக்குப் பின் சட்டம் படிக்கத் தோன்றினால் அப்போது சட்டக் கல்லூரிக்கான எல்சாட் நுழைவுத் தேர்வு எழுதலாம்; அந்தக் கடனுக்கு நான் இத்தனை எதிர்ப்புச் சொல்லமாட்டேன்.

தொடக்கச் சம்பளம் குறைவு என்பதையும் மறைக்க விரும்பவில்லை. மென்பொருள் வேலையில் சேரும் அவளுடைய தோழிகள் முதல் ஆண்டிலேயே அவளைவிடப் பல மடங்கு வாங்குவார்கள், தீபாவளிக்கு எல்லோரும் கூடும்போது அது பேச்சிலும் வரும். வார இறுதி என்று ஒன்று இருக்காது. கமிஷனர் பதவி கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. டிவிஷன் ஒன்றில் முப்பதுக்குச் சற்று அதிகமான கான்ஃபரன்ஸ்களே இருக்கின்றன. எனவே பதவியைக் குறிவைத்து அவளை அனுப்பாதீர்கள், அன்றாட வேலை பிடித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பிடித்திருக்கிறது என்பதற்கு என்னிடம் சான்று இருக்கிறது. என்னைப் பார்க்க வந்தபோது அவள் ஒரு தாளைக் கொண்டுவந்தாள். கான்ஃபரன்ஸின் கல்லூரிகளைப் புள்ளிகளாகக் குறித்து, நடுவே கோடிழுத்து, ஒவ்வொரு கோட்டின் மேலும் பேருந்துப் பயணத்தின் மணிக்கணக்கைப் பச்சை மையில் எழுதியிருந்தாள். ஞாயிறு ஆட்டம் முடிந்து டென்னிஸ் அணி விடிகாலை மூன்று மணிக்கு விடுதி திரும்பி, எட்டு மணிக்குத் தேர்வு எழுதிய நாட்களைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தாள். வேட்பாளர்கள் ஒவ்வொருவரிடமும் அந்தத் தாளைக் காட்டி, ‘எந்தக் கோட்டை முதலில் சுருக்குவீர்கள்?’ என்று கேட்டாளாம். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். அது குழுவுக்கு உள்ளே நடந்தது, சொல்ல முடியாது என்றாள். உங்களிடமும் அப்படியே வாய் திறக்க மறுத்ததாக நீங்கள் குறைபட்டு எழுதியிருக்கிறீர்கள். பெற்றோருக்கு வருத்தமாகத்தான் இருக்கும்; ஆனால் கமிஷனர் தேர்வில் பெயரைக் கசியவிடாதவர்களைத்தான் மறுமுறையும் அறைக்குள் கூப்பிடுவார்கள். உயிரியல் பட்டத்தை முடிக்கப்போவதாகவும் அவளே சொன்னாள். அதில் நான் தலையிடவில்லை.

நீங்கள் இருப்பது ஃபிரிஸ்கோவில். சாங்கி முதன்முதலில் கமிஷனராக இருந்த அதே சவுத்லேண்ட் கான்ஃபரன்ஸின் அலுவலகம் இன்று உங்கள் ஊரிலேயே இருக்கிறது. பிக் 12இன் தலைமையகம் ஐயா வேலைக்குப் போகும் அர்விங்கில். டிசம்பர் விடுமுறையில் இரண்டு இடத்துக்கும் அவளே கடிதம் எழுதி, அரை மணி நேரம் பேச நேரம் கேட்கட்டும். கடிதத்தை நீங்கள் திருத்த வேண்டாம், மாமாவுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கவும் வேண்டாம். நேரம் கொடுத்தார்கள் என்றால் கார் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் வீட்டிலேயே இருங்கள். போய்வந்த பிறகு, ஜனவரி முதல் வாரத்தில், மூவருமாக வாருங்கள். அந்தத் தாளையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.