சிங்கப்பூரில் சாங்கி விமான நிலையத்திலிருந்து லிட்டில் இந்தியா ஹோட்டலுக்கு, பெட்டிகளோடும் வயதான அம்மாவோடும் எம்ஆர்டி ரயிலில் போக முடியுமா? டாக்சிதான் சரியா?

முடியும். நான் மூன்று முறை போயிருக்கிறேன், மூன்று முறையும் அம்மாவோடு. முதல் இரண்டு முறை சொதப்பினேன். அதனால்தான் இதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன்.

தம்பி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். ஈசூனில் நாலு பேர் சேர்ந்து எடுத்த வீட்டில் அவனுக்கு ஓர் அறை, அதிலும் பாதி. அங்கே நாங்கள் போய்த் தங்க முடியாது. அதனால் போகும்போதெல்லாம் லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் சின்ன ஹோட்டலாகப் பார்த்து அறை போட்டுக்கொள்வோம். அம்மாவுக்குக் காலையில் கோயில், ஒரு இட்லி, ஒரு காபி கிடைத்தால் போதும். வீரமாகாளியம்மன் கோயில் சிராங்கூன் சாலையிலேயே இருக்கிறது, மற்றதும் கூப்பிடு தூரத்தில். தம்பிக்கு ஷிஃப்ட் வேலை, விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப்போக முடியாது. போனில் வழி சொல்வான், அவ்வளவுதான்.

முதல் முறை திருச்சியிலிருந்து இரவு விமானம். இறங்கி, பாஸ்போர்ட் காட்டி, பெட்டி எடுத்து வெளியே வரும்போது அங்கே மணி ஏழரை. நம் ஊரில் ஐந்து. திங்கட்கிழமை. தம்பி, "அக்கா, எக்ஸ்போல மாறி நீலப் பாதை பிடி"ன்னு சொல்லியிருந்தான். (எக்ஸ்போ ஒரு ஸ்டேஷன், நீலப் பாதை என்றால் மேப்பில் நீல நிறத்தில் இருக்கிற டவுன்டவுன் லைன்.) ஆனால் போனில் மேப் வேறு வழி காட்டியது. விமான நிலைய ஸ்டேஷனில் ஏறி தானா மேராவில் மாறு, அங்கிருந்து பச்சைப் பாதையில் பூகிஸ் வரை போ, பூகிஸில் மறுபடி மாறி நீலப் பாதையில் இரண்டு ஸ்டேஷன் போனால் லிட்டில் இந்தியா. நேரமும் அதுதான் குறைவு என்றது. தம்பியை விட போன் புத்திசாலி என்று முடிவு செய்தேன்.

தானா மேராவில் மாறியது சுலபம்தான். ஆனால் உள்ளே ஏறிய ரயில் காலை எட்டு மணிக்கு ஊரே ஆபீஸ் போகிற ரயில். அம்மாவுக்கு உட்கார இடம் கொடுத்துவிட்டார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். ஓரத்து இருக்கையில் இருந்த ஒரு பெண் அம்மாவைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். நான்தான் இரண்டு பெரிய பெட்டி, ஒரு முறுக்கு மூட்டையோடு கதவருகே நின்றுகொண்டு, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டுப் பெட்டியை இழுத்து இழுத்து வைத்தேன். பூகிஸில் இறங்கியபின் தெரிந்தது, அந்த மாறுதல் மேப்பில் ஒரு புள்ளிதான், தரைக்கு அடியில் அது நீளமான நடை. எஸ்கலேட்டர், திருப்பம், மறுபடி எஸ்கலேட்டர். அம்மாவுக்கு முழங்கால் வலி. பாதி வழியில் நின்று, "இதுக்கு மன்னார்புரத்துலேர்ந்து ஜங்ஷனுக்கு நடந்தே போயிடலாம்டி" என்றார்.

இரண்டாம் முறை தம்பி சொன்னபடியே செய்வது என்று இருந்தேன். விமான நிலைய ஸ்டேஷனில் ஏறி அடுத்த ஸ்டேஷனான எக்ஸ்போவிலேயே இறங்கிவிட்டோம். மேலே பாலத்தில் இருக்கிற மேடையிலிருந்து தரைக்கு அடியில் இருக்கிற நீலப் பாதைக்கு இறங்க வேண்டும். லிஃப்ட் இருக்கிறது, கொஞ்சம் தேடினால் போதும். இதில் உள்ள பெரிய சௌகரியம், நாங்கள் போனபோது எக்ஸ்போதான் நீலப் பாதையின் கடைசி ஸ்டேஷன். காலி ரயில் வந்து நிற்கும். உட்கார இடம், பெட்டியை முழங்காலுக்கு நடுவில் நிறுத்திக்கொள்ள இடம், எல்லாம் உண்டு. (பாதையை அங்கிருந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளி சுங்கை பிடோக் வரை நீட்டுகிறார்கள். அது ஓடத் தொடங்கினால் எக்ஸ்போவில் ஏறும்போது கொஞ்சம் பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பார்கள். ஆனாலும் பச்சைப் பாதைக் கூட்டத்துக்குப் பக்கத்தில்கூட வராது என்றுதான் நினைக்கிறேன்.)

இங்கே ஒரு சொதப்பல். ஹோட்டல் லிட்டில் இந்தியாவில், நீலப் பாதையில் லிட்டில் இந்தியா என்றே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது, ஆகவே அங்கேதான் இறங்க வேண்டும் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் அந்தப் பாதை நேராகப் போவதில்லை. எக்ஸ்போவிலிருந்து வந்து ஜாலான் புசாரைத் தொட்டதும், தெற்கே இறங்கி பென்கூலன், ஃபோர்ட் கேனிங், சைனாடவுன் என்று போய், மரினா பே பக்கம் ஒரு சுற்றுச் சுற்றி, பூகிஸ், ரோச்சோர் வழியாகத் திரும்பி மேலே ஏறி லிட்டில் இந்தியாவுக்கு வருகிறது. ஜாலான் புசாரிலிருந்து லிட்டில் இந்தியா வரை ரயிலில் பத்து ஸ்டேஷன். காலால் நடந்தால் பத்து நிமிடம். ஸ்டேஷன் எண்களைப் பார்த்தாலே புரிந்திருக்கும், ஜாலான் புசார் 22, லிட்டில் இந்தியா 12. நான் பார்க்கவில்லை.

சைனாடவுன் பெயரைப் பார்த்ததும் தம்பிக்குப் போன் போட்டேன். சிரித்தான். "ஊரையே சுத்திப் பார்த்துட்டு வாங்க" என்றான். கடுப்பில் அம்மாவிடம், தப்பாக வந்துவிட்டோம், இன்னும் இருபது நிமிடம் ஆகும் என்றேன். அம்மா, "உக்காந்துக்கிட்டுத்தானே வர்றோம், ஏசியும் போட்டிருக்கான். எத்தனை ஸ்டேஷன் ஆனா எனக்கென்ன?" என்றார். அந்தப் பதிலில் விஷயம் இருக்கிறது. வயதானவர்களோடு போகும்போது மேப் காட்டும் நிமிடங்களைப் பார்க்காதீர்கள். எத்தனை முறை ஏறி இறங்க வேண்டும், எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், உட்கார இடம் கிடைக்குமா, இந்த மூன்றையும் பாருங்கள். இருபது நிமிடம் கூடுதலாக உட்கார்ந்து போவது, ஐந்து நிமிடம் கூடுதலாக நடப்பதை விடச் சுகம்.

மூன்றாம் முறை எக்ஸ்போவில் மாறி ஜாலான் புசாரில் இறங்கினோம். அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் ஹோட்டல் டன்லப் தெருப் பக்கம். அந்தத் தெருவின் ஒரு முனை சிராங்கூன் சாலை, மறுமுனை ஜாலான் புசார் சாலை. ஆகவே ஜாலான் புசார் பக்கமாக நுழைவதுதான் கிட்ட.

உங்கள் ஹோட்டல் எங்கே என்று நீங்கள் எழுதவில்லை. லிட்டில் இந்தியா என்று விளம்பரத்தில் போட்டுக்கொள்கிற ஹோட்டல்கள் ஒரு பெரிய பரப்பில் சிதறிக் கிடக்கின்றன. முஸ்தஃபா கடையை ஒட்டி என்றால் அதற்குக் கிட்ட உள்ள ஸ்டேஷன் ஃபேரர் பார்க், அது ஊதா நிறப் பாதை. ஜாலான் புசாரில் இறங்கி அங்கே நடந்தால் பெட்டியோடு கால் மணி நேரத்துக்குக் குறையாது. எங்கள் அம்மாவாக இருந்தால் நான் அதே நீல ரயிலில் அந்தச் சுற்றையும் சுற்றி லிட்டில் இந்தியாவில் மாறி, ஒரே ஒரு ஸ்டேஷன் ஊதாப் பாதையில் போவேன். அல்லது ஜாலான் புசாரில் இறங்கித் தெருவில் கைகாட்டி ஒரு டாக்சி நிறுத்துவேன். அவ்வளவு கிட்டத்துக்கு ஐந்தாறு வெள்ளிதான் (சிங்கப்பூர் டாலர்) வரும். முழு வழியும் டாக்சியா, முழு வழியும் ரயிலா என்று யோசித்து மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், கடைசி ஒரு கிலோமீட்டருக்கு மட்டும் டாக்சி என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

அந்தக் கடைசித் துண்டைப் பற்றி இன்னும் கொஞ்சம். அங்கே பழைய கடைவீடுகளுக்கு (கீழே கடை, மேலே வீடு) முன்னால் கூரை போட்ட ஐந்தடி நடைபாதை இருக்கும். மழைக்கும் வெயிலுக்கும் அருமை. ஆனால் ஒரு கடையின் தரை மட்டமும் அடுத்த கடையின் தரை மட்டமும் ஒன்றாக இருக்காது. இரண்டு படி ஏற்றம், ஒரு படி இறக்கம், நடுவில் காய்கறிக் கூடை, பூக்கட்டும் மேசை. சக்கரப் பெட்டியை இழுக்க முடியாது, தூக்கித்தான் போக வேண்டும். ஞாயிறு மாலை என்றால் இன்னும் கஷ்டம். அன்று லீவு என்பதால் நம் ஊர்த் தொழிலாளர்களும் வங்கதேசத்துக்காரர்களும் அங்கேதான் கூடுவார்கள், பணம் அனுப்ப, சாமான் வாங்க, நண்பர்களைப் பார்க்க. பார்க்க மனசுக்கு நிறைவாக இருக்கும். இரண்டு பெட்டியோடு அதற்குள் நுழைய மட்டும் ஆசைப்படாதீர்கள்.

அறை போடும் முன்பே ஹோட்டலுக்கு எழுதி இரண்டு கேள்வி கேளுங்கள். எந்த ஸ்டேஷனில் எந்த எழுத்துள்ள (A, B என்று இருக்கும்) வாசல் வழியாக வர வேண்டும், அந்த வாசலில் லிஃப்ட் உண்டா? (எல்லா வாசலிலும் இருக்காது.) இன்னொன்று, ஹோட்டலுக்குள்ளேயே லிஃப்ட் உண்டா? கடைவீட்டை ஹோட்டலாக மாற்றிய இடம் ஒன்றில் எங்களுக்கு மூன்றாம் மாடி கிடைத்தது, மாடிப்படி மட்டும்தான். அம்மா அன்றைக்குச் சொன்னதை இங்கே எழுத முடியாது. காலையில் போய்ச் சேர்ந்தால் அறை மதியம் இரண்டு மூன்று மணிக்குத்தான் தருவார்கள். பெட்டிகளை வரவேற்பில் வைத்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பிவிடலாம்.

டிக்கெட் விஷயம். காகித டிக்கெட்டெல்லாம் இப்போது இல்லை. தட்டினால் வேலை செய்கிற விசா கார்டோ மாஸ்டர்கார்டோ இருந்தால் நுழைவு வாசலில் அதைத் தட்டிவிட்டு உள்ளே போகலாம். வெளியூர் கார்டு என்றால் பயன்படுத்துகிற நாளுக்கு 60 சிங்கப்பூர் காசு கூடுதலாகப் பிடிப்பார்கள். ஆனால் ஊரிலிருந்து கிளம்பும் முன் உங்கள் வங்கியின் ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தட்டும் வசதியையும் திறந்து வையுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி நம் கார்டுகளில் இவை பொதுவாக மூடியே இருக்கும். நான் முதல் முறை அதைச் செய்யாமல், வாசலில் நின்று சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பின்னால் வரிசை. இன்னொன்று, ஒரே கார்டை இரண்டு பேருக்குத் தட்ட முடியாது. அம்மாவுக்குத் தனியாக ஈசி-லிங்க் என்கிற பயணக் கார்டு வாங்கிவிட்டேன், பத்து வெள்ளி, அதில் பாதி கார்டு விலை, பாதி பயணத்துக்கு. நுழையும்போது எதைத் தட்டினீர்களோ, வெளியே வரும்போதும் அதையேதான் தட்ட வேண்டும். வாசல்களில் ஒன்று அகலமாக இருக்கும், பெட்டிக்காரர்கள் அதில் போங்கள்.

ரயில் கட்டணம் ஆளுக்கு இரண்டரை வெள்ளிக்குள் முடிந்துவிடும். டாக்சி முப்பது வெள்ளியைச் சுற்றி வரும், நம் பணத்தில் இரண்டாயிரம் ரூபாய். மீட்டரோடு விமான நிலையக் கூடுதல் கட்டணம் உண்டு, வார நாள் காலை நெரிசல் நேரத்தில் இன்னும் 25 சதவீதம், நள்ளிரவுக்கு மேல் காலை ஆறு வரை 50 சதவீதம்.

பெட்டியைப் பற்றிப் பயம் வேண்டாம். நாம் வழக்கமாகக் கொண்டுபோகிற பெட்டிகளுக்கு ரயிலில் அனுமதி உண்டு. சாப்பாடுதான் சிக்கல். ரயிலுக்குள் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, 500 வெள்ளி வரை அபராதம். தண்ணீர்கூட. அம்மா மாத்திரை போட பாட்டிலைத் திறந்தபோது நான் பதறிய பதற்றத்தில் எதிரே உட்கார்ந்திருந்த தாத்தா சிரித்துவிட்டார். மாத்திரை, தண்ணீர் எல்லாம் விமான நிலையத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் சொன்ன நானே எப்போது டாக்சி எடுப்பேன்? விமானம் இரவு பத்தரைக்கு மேல் இறங்கினால் யோசிக்கவே மாட்டேன். ஊருக்குள் போகும் கடைசி ரயில் பதினொன்றே கால் வாக்கில் கிளம்பிவிடும், பெட்டி வரும் நேரத்தை யார் சொல்ல முடியும்? மறுபடி முதல் ரயில் காலை ஐந்தரை ஆறு வாக்கில். மூன்று நான்கு பேராகப் போனாலும் டாக்சிதான், ஆளுக்கு எட்டு பத்து வெள்ளி என்று ஆகிவிடும். 36ஆம் எண் பஸ்ஸைச் சிலர் சொல்வார்கள். நல்ல பஸ்தான், ஆனால் அது கடலோரமாகப் போய் ஆர்ச்சர்ட் சாலைக்குப் போகிறது, உங்கள் ஹோட்டல் அங்கே இல்லையே.

ரயில் ஸ்டேஷன் இருப்பது இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கு அடியில். முதல் முனையத்தில் இறங்கினால், முனையங்களுக்கு நடுவே ஓடுகிற ஸ்கைட்ரெயினில் ஒரு நிறுத்தம் போக வேண்டும், காசு கிடையாது. பலகைகளில் பல இடங்களில் தமிழும் இருப்பதால் அம்மாவே முன்னால் நடந்து வழி காட்டினார், எனக்கு அது கொஞ்சம் வேடிக்கையாக இருந்தது.

திரும்பி வரும்போது ஒரே ஓர் இடத்தில் கவனம். எக்ஸ்போவில் நீலப் பாதையிலிருந்து மேலே ஏறியதும் விமான நிலையம் போகிற ரயிலா, தானா மேரா போகிற ரயிலா என்று பலகையைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். கிளம்பும்போது அம்மா, லிட்டில் இந்தியா ஸ்டேஷனிலேயே ஏறுவோம், அந்தச் சுற்றுற ரயிலிலேயே போவோம் என்று அடம்பிடித்தார். அதற்காக அரை மணி நேரம் முன்னதாகவே அறையைக் காலி செய்தோம்.