ஊமையாகிப்போன மாரிஸ் மைனர்: ஹாரனை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் தாத்தா வாங்கிய 1958 மாடல் மாரிஸ் மைனர் 1000 இருக்கிறது. சென்ற ஆண்டு பாடி வேலை முடித்து, முழுக்கப் பெயிண்ட் அடித்தோம். அப்போதிலிருந்து ஹாரன் சரியில்லை. சில நாள் தொண்டை கட்டியதுபோல் ‘கர்’ரென்று இழுக்கிறது, சில நாள் சத்தமே இல்லை. ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்துக்கொண்டு அழுத்தினால் மட்டும் சில நேரம் கணீரென்று அடிக்கிறது. எலக்ட்ரீஷியன் புது ஹாரன் மாட்டிப் பார்த்தார், அதுவும் அப்படியேதான் இழுக்கிறது. ஏர் ஹாரன் போட்டுவிடலாம் என்கிறார். என்ன செய்வது?
வாசகர், கோவை

பதில்: முதலில், கழற்றிய பழைய ஹாரனைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். அது நல்ல ஹாரனாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. புது ஹாரனும் அதே மாதிரி இழுக்கிறதென்றால் கோளாறு ஹாரனில் இல்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினால் அடிக்கிறதென்றால் கோளாறு ஸ்டியரிங் பக்கம் இருக்கிறது. பெயிண்ட் அடித்த பிறகுதான் வந்ததென்றால், இரும்போடு இரும்பு தொட வேண்டிய இடத்தில் எங்கோ பெயிண்ட் புகுந்திருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள அந்தக் காலத்து வயரிங் முறை தெரிந்திருக்க வேண்டும். வீட்டு விளக்கில் சுவிட்ச் கரண்ட் வரும் பக்கத்தில் இருக்கும். உங்கள் காரின் ஹாரனில் அப்படி இல்லை. பியூஸ் பெட்டியிலிருந்து ஹாரனுக்கு எப்போதும் 12 வோல்ட் வந்து நிற்கிறது. சாவி போடாவிட்டாலும் நிற்கும். ஹாரனின் அடுத்த முனையிலிருந்து கிளம்பும் ஒயர் ஸ்டியரிங் வழியாக ஏறி, நடுவில் இருக்கும் பட்டனுக்கு வருகிறது. பட்டனை அழுத்தினால் அந்த ஒயர் ஸ்டியரிங்கின் இரும்பைத் தொடும். அங்கிருந்து கரண்ட் ஸ்டியரிங் தண்டு, அடியில் உள்ள ராக் (முன் சக்கரங்களைத் திருப்பும் பல் தண்டு), ராக்கைப் பிடித்திருக்கும் கிளாம்ப், கார் பாடி என்று இறங்கி பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். திரும்பி வருகிற இந்தப் பாதையைத்தான் எர்த் என்கிறோம். இதில் ஒயரே கிடையாது. இரும்பும் போல்ட்டும் கிரீஸும்தான். உங்கள் காரில் அறுபது வருஷத்துக்கு மேல் வேலை செய்த இந்தப் பாதையில்தான் இப்போது பெயிண்ட் குறுக்கே நிற்கிறது என்பது என் கணிப்பு.

முழுதாக அறுந்திருந்தால் சத்தமே வராது. பாதி தொட்டுக்கொண்டிருப்பதால்தான் இழுக்கிறது. ஹாரன் சுமார் 4 ஆம்பியர் வாங்கும். வழியில் ஒரே ஒரு ஓம் தடை இருந்தாலும் மூன்று நான்கு வோல்ட் அங்கேயே தீர்ந்துவிடும். மிச்சம் இருக்கும் எட்டு ஒன்பது வோல்ட்டில் எந்த ஹாரனும் கணீரென்று அடிக்காது.

சரி, சோதிப்பது எப்படி? மல்டிமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் என்றே காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்ட்டை அநேகமாக இழுப்பதே இல்லை. ஒரு இண்டிகேட்டர் பல்பு, 21 வாட், வாங்கி இரண்டு ஒயரும் கிளிப்பும் வைத்து டெஸ்ட் லேம்ப் செய்துகொள்ளுங்கள். அது ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். பாதை நன்றாக இருந்தால் பளிச்சென்று எரியும், இல்லாவிட்டால் மங்கும். இன்னொரு வசதியும் உண்டு. உங்கள் காரில் யாரும் மாற்றியிருக்காவிட்டால் பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியில் எர்த் ஆகியிருக்கும். பல்புக்கும் பழைய ஹாரனுக்கும் பிளஸ் மைனஸ் வித்தியாசம் கிடையாது. மீட்டர் வைத்தால்தான் குழம்பிப்போவோம்.

ஹாரனின் இரண்டு ஒயரையும் கழற்றிவிட்டு, பேட்டரியிலிருந்து நேராக இரண்டு ஒயர் இழுத்து ஹாரனைத் தொட்டுப் பாருங்கள். நடுவில் 10 ஆம்பியர் பியூஸ் ஒன்று இருக்கட்டும். பழையதையும் இதேபோல் பாருங்கள். கணீரென்று அடித்தால் அது நிரபராதி.

அடுத்து, கழற்றிய ஒயர்களில் கரண்ட் நிற்கிற ஒயருக்கும் பாடிக்கும் இடையே பல்பை வையுங்கள். ஒயரின் நிறத்தைப் பார்த்து எது எதுவென்று முடிவு செய்யாதீர்கள். இத்தனை வருஷத்தில் எல்லாமே மண் நிறத்துக்கு வந்திருக்கும். பளிச்சென்று எரிகிற ஒயர்தான் பியூஸ் பெட்டியிலிருந்து வருவது. மங்கலாக எரிந்தால் பியூஸ் பெட்டிக்குப் போங்கள். ஏ1, ஏ2 என்று குறித்த முனைகளுக்கு நடுவில் இருக்கும் கண்ணாடிப் பியூஸ்தான் ஹாரனுக்கானது. அதைப் பிடித்திருக்கும் கிளிப்பில் பச்சை பூத்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தக் காரின் மின்சாமான்களைச் செய்த லூகாஸ் கம்பெனியின் அந்தக் காலத்து பியூஸில் 35 ஆம்பியர் என்று போட்டிருந்தால், 35-ல் அது எரிந்துபோகும் என்று பொருள். தொடர்ந்து தாங்கக்கூடியது 17 ஆம்பியர்தான். இன்றைக்குக் கடையில் 35 என்று கேட்டு வாங்கினால் தொடர்ந்து 35-ஐத் தாங்குகிற பியூஸைத் தந்துவிடுவார்கள். பியூஸ் போகாது, ஒயர்தான் பற்றும். பழைய கார்கள் ஒயரிங்கில் தீப்பிடிக்க இது ஒரு முக்கியக் காரணம். தயவுசெய்து இதை மட்டும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

இப்போது உண்மையான இடத்துக்கு வருவோம். ஹாரன் ஒயர்களை மறுபடி மாட்டிவிட்டு, ஸ்டியரிங் நடுவில் இருக்கும் பட்டனை மெதுவாக நெம்பி எடுங்கள். உள்ளே அந்த ஒயரின் முனையும் பித்தளைத் தொடுப்பும் தெரியும். ஒரு ஜம்பர் ஒயரின் (இரண்டு முனையும் உரித்த தனி ஒயர்) ஒரு முனையை அந்தத் தொடுப்பில் பிடித்துக்கொண்டு, அடுத்த முனையை டேஷ்போர்டின் அடியில் பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட்டில் தொடுங்கள். ஹாரன் கணீரென்று அடிக்க வேண்டும். பிறகு அதே முனையை ஸ்டியரிங் தண்டின் நடு நட்டில் தொடுங்கள். பாடியில் தொட்டபோது கணீரென்று அடித்த ஹாரன் இங்கே ‘கர்’ரென்று இழுத்தால் கோளாறு பிடிபட்டுவிட்டது. ஹாரன், பியூஸ், ஒயர் எல்லாமே நன்றாக இருக்கின்றன. தண்டிலிருந்து பாடிக்குப் போகும் எர்த்துதான் சரியில்லை.

பாடியில் தொட்டபோதும் இழுத்தால், தண்டுக்குள் போகும் ஒயரில் இழைகள் அறுந்திருக்கும். ஜம்பரைப் பிடித்துக்கொண்டே ஒருவரை ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பச் சொல்லுங்கள். சத்தம் ஏறி இறங்கினால் அதுதான். புது ஒயர் இழுக்க வேண்டும்.

எர்த்துக்கு வைத்தியம் சுலபம். ராக்கைப் பாடியோடு பிடித்திருக்கும் கிளாம்ப்களின் அடியில் பெயிண்ட் இருக்கும். அதைக் கழற்றிச் சுரண்டுவது ஒரு வழி. ஆனால் ஸ்டியரிங் பிடிமானத்தை வீட்டிலேயே கழற்றுவதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன், அது தெரிந்த மெக்கானிக் கையில் நடக்கட்டும். அதைவிட நல்ல வழி, ராக் உறையில் இருக்கும் ஒரு போல்ட்டிலிருந்து பாடிக்குப் பின்னல் எர்த் ஒயர் ஒன்று போடுவது. இரண்டு முனையிலும் பெயிண்டைச் சுரண்டி, இரும்பு மின்னும் வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவிவிடுங்கள். வெளியில் தெரியாது, காரின் பழமையும் கெடாது.

பழைய ஹாரன் நேரடிச் சோதனையிலும் சரியாக அடிக்காவிட்டால் அதையும் சரிசெய்யலாம். உள்ளே காயில் (காந்தமாகும் கம்பிச் சுருள்) தகட்டை இழுக்கும், இழுத்த உடனே பாயிண்ட் (கரண்ட்டைத் தரும் தொடுமுனை) பிரிந்து கரண்ட் நிற்கும், தகடு திரும்பும், பாயிண்ட் மறுபடி ஒட்டும். நொடிக்குச் சில நூறு முறை இப்படி நடப்பதுதான் நமக்குக் கேட்கிற ஹாரன் சத்தம். ரொம்ப நாள் சும்மா கிடந்தால் பாயிண்ட் கறுத்துவிடும். விளிம்பில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவைச் சத்தம் நிற்கிற இடம் வரை மெல்லத் திருப்பி, அங்கிருந்து கால் சுற்று பின்னால் வாருங்கள். ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு நொடி மட்டும் அழுத்துங்கள், நீட்டி அழுத்தினால் காயில் சூடேறும். நடுவில் லாக் நட்டோடு இருக்கும் பெரிய திருகைத் தொடவே கூடாது. அது தொழிற்சாலையில் வைத்த அளவு, ஒருமுறை கலைந்தால் வீட்டில் திரும்ப வராது. ஊதுகுழல் வடிவ ஹாரனாக இருந்தால் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஷெட்டில் நின்ற ஒரு காரில் குளவி கட்டிய மண்கூட்டைக் கம்பியால் குத்தி எடுத்ததும் சத்தம் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ரிலே (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) போடலாமா என்று அடுத்து தோன்றும். போடலாம். பட்டன் வழியாக அப்போது ரிலேவுக்கான சொற்பக் கரண்ட்தான் போகும், பட்டனுக்கு நல்லது. ஆனால் எர்த்தைச் சரிசெய்த பிறகு போடுங்கள். முன்னாலேயே போட்டால் கோளாறு மறைந்து நின்று, இன்னொரு நாள் தலைகாட்டும். பிளஸ் எர்த் காருக்கு டயோடு (கரண்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) வைத்த ரிலே வாங்கிவிடாதீர்கள், தலைகீழாக மாட்டினால் ஷார்ட் ஆகும்.

ஏர் ஹாரன் வேண்டவே வேண்டாம். காதைப் பிளக்கும் ஹாரனையும், மாறி மாறிப் பல சுருதியில் ஒலிக்கும் ஹாரனையும் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் தடை செய்கின்றன. அதோடு, தாத்தா அழுத்திய அந்த ஒற்றைச் சத்தம் உங்கள் காரில்தானே இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. பெயிண்ட் அடித்தவர்கள் ஸ்டியரிங்கில் மட்டும் எர்த்தை மறைத்திருக்க மாட்டார்கள். இருட்டியதும் ஹெட்லைட்டைப் போட்டு இரண்டு பக்கமும் ஒரே வெளிச்சம் வருகிறதா பாருங்கள். பின் விளக்கு, பிரேக் லைட், இண்டிகேட்டர் எல்லாவற்றையும் சோதியுங்கள். மங்கலாக எரியும் விளக்கு எதுவாக இருந்தாலும், பல்பை மாற்றும் முன் அதன் எர்த் போல்ட்டுக்கு அடியில் ஒருமுறை உப்புத்தாள் போடுங்கள்.