குடல் பாக்டீரியா டெஸ்ட்: 12,000 ரூபாய் கட்டுவதற்கு முன்

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். வயது 41. இரண்டு வருடமாகச் சாப்பிட்டதும் வயிறு ஊதிக்கொள்கிறது. ஒரு நாள் இளகிப் போகிறது, மறுநாள் இறுகிவிடுகிறது. சுகருக்கு மெட்ஃபார்மின் காலை, இரவு. கேஸுக்குப் பான்டோபிரசோல் தினமும். ஓசூரில் வேலை பார்க்கும் அக்கா மகன், "மைக்ரோபயோம் டெஸ்ட் எடுங்க மாமா, எல்லாம் தெரிஞ்சிடும்" என்கிறான். 12,000 ரூபாயாம். எடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். மலத்தை வைத்துக் குடலில் எந்தெந்தப் பாக்டீரியா இருக்கிறது என்று பார்க்கும் டெஸ்ட் இது. அது பொய் என்று சொல்லவில்லை. அதன் ரிப்போர்ட்டை வைத்து உங்கள் டாக்டர் ஒரு மாத்திரையைக்கூட மாற்ற மாட்டார் என்பதுதான் காரணம். உங்கள் தொந்தரவுக்கு விடை தேட அதைவிட மலிவான வழிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது.

மாத்திரைகளைப் பாருங்கள். மெட்ஃபார்மின் எடுப்பவர்களில் கணிசமானவர்களுக்கு வயிறு ஊதும், இளகிப் போகும். சுகர் மாத்திரை தொடங்கியதும் வயிற்றுத் தொந்தரவு தொடங்கியதும் ஏறக்குறைய ஒரே சமயமா என்று பழைய சீட்டுகளை எடுத்துத் தேதி பாருங்கள். ஒரே சமயம் என்றால், அதே மருந்தை மெதுவாகக் கரையும் எஸ்.ஆர். வகையாக மாற்றித் தர முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வெறும் வயிற்றில் போடாமல் சாப்பாட்டுக்கு நடுவிலோ முடிந்த கையோடோ போடுங்கள். நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் எடுத்தால் வைட்டமின் பி12 குறையக்கூடும் என்பதால் அதையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

மெட்ஃபார்மின் எடுப்பவர்களின் குடலில் ஈ.கோலை வகையறா பாக்டீரியா கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பான்டோபிரசோல் வயிற்று அமிலத்தைக் குறைப்பதால், வாயில் இருக்க வேண்டிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் உயிரோடு குடல்வரை போய்ச் சேர்கின்றன. நீங்கள் 12,000 கட்டினால் இந்த இரண்டும் "அதிகம்" என்று சிவப்பு எழுத்தில் வரலாம். அதாவது அந்த ரிப்போர்ட் உங்கள் மாத்திரை அட்டையைப் படித்து உங்களுக்கே சொல்லும். அட்டை வீட்டிலேயே இருக்கிறது.

அந்தச் சதவீதங்களை எப்படிப் படிப்பது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் பெங்களூரா 50 பெட்டி, செந்தூரா 50 பெட்டி என்று வையுங்கள். மறுநாள் பெங்களூரா 100 வருகிறது, செந்தூரா அதே 50. கணக்கில் செந்தூரா 33 சதவீதமாக இறங்கிவிட்டது. உண்மையில் ஒரு காய்கூடக் குறையவில்லை. பெரும்பாலான ரிப்போர்ட்டுகள் தருவது இந்த மாதிரிப் பங்கைத்தான். எத்தனை பாக்டீரியா என்ற எண்ணிக்கையை அல்ல. "இந்தப் பாக்டீரியா குறைவு" என்று வந்தால் அது குறைந்ததா, பக்கத்தில் இருப்பது கூடியதா என்று ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அடுத்தது "நார்மல்". ஹீமோகுளோபினுக்கு இருப்பதுபோல் குடல் பாக்டீரியாவுக்கு ஒப்புக்கொண்ட அளவு எதுவும் இன்றுவரை இல்லை. ஆய்வகங்கள் தங்கள் முறையைச் சரிபார்த்துக்கொள்ள அமெரிக்காவின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட் ஒரு பொது மல மாதிரியை வெளியிட்டதே 2025 மார்ச்சில்தான். தானியமும் பருப்பும் அதிகம் சாப்பிடும் நம்மவர்களின் குடலில் ப்ரிவோட்டெல்லா என்ற பாக்டீரியா ஓங்கியிருப்பது சாதாரணம். மேல்நாட்டுக் குடல்களை வைத்து ஒப்பிடும் நிறுவனம் அதையே கோளாறு என்று காட்டக்கூடும். 2024 இறுதியில் பன்னாட்டு நிபுணர் குழு ஒன்று வெளியிட்ட ஒருமித்த அறிக்கையும், டாக்டர் சொல்லாமல் தாமாக இந்த டெஸ்ட் எடுப்பதை ஆதரிக்கவில்லை. ஃபர்மிக்யூட்ஸ்–பாக்டீராய்டிடீஸ் (குடல் பாக்டீரியாவின் இரண்டு பெரிய பிரிவுகள்) விகிதம் என்று ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் பெரிதாகப் போடுகிறார்களே, அதைப் போடவே ஆதாரம் போதாது என்கிறது அந்த அறிக்கை.

உங்கள் ஊர் என்பதால் இன்னொன்றும் கேட்க வேண்டும். வீட்டில் குடிப்பதும் சமைப்பதும் எந்தத் தண்ணீர்? தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. குடிக்க ஒகேனக்கல் தண்ணீர், களி கிண்டவும் பருப்பு வேகவைக்கவும் போர் தண்ணீர் என்று பல வீடுகளில் நடக்கிறது. ஃப்ளோரைடு வயிற்று அமிலத்தோடு சேரும்போது இரைப்பையின் உள்தோலை உறுத்தும். குமட்டல், வயிற்று வலி, உப்புசம் வரலாம். பல்லில் கறை தெரிவதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது; தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, ஒரு லிட்டர் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். லிட்டருக்கு 1 மி.கி. வரை நல்லது, 1.5-ஐத் தாண்டினால் சமையலுக்கும் அந்தத் தண்ணீர் வேண்டாம். கிருமி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டுமானால் அதற்குத் தனிப் பாட்டில், அதுவும் ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டில்தான். பிடித்த சில மணி நேரத்தில் சேர்த்துவிடுங்கள்.

சாப்பாட்டில் செய்து பார்க்க வேண்டியது இரண்டு வாரச் சோதனை. ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் எது குற்றவாளி என்று தெரியாது. முதலில் பால். ஒரு நாளைக்கு நாலு டீ குடிப்பவர் என்றால் இரண்டு வாரம் பால் சேர்க்காத டீ. தயிரும் மோரும் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும், அவற்றை விட வேண்டாம். அடுத்து மொச்சை, கொள்ளு, துவரை. இவற்றில் இருக்கும் ஒரு வகைச் சர்க்கரை நமக்குச் செரிக்காது. பெருங்குடல் பாக்டீரியா அதைப் புளிக்கவைத்துக் காற்றாக்கும். இரவெல்லாம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீரில் வேகவைத்தால் பாதி சண்டை தீரும். மாம்பழக் காலத்தில் மட்டும் தொந்தரவு கூடுகிறதா என்றும் கவனியுங்கள். மாம்பழத்தில் ஃப்ரக்டோஸ் என்ற பழச் சர்க்கரை அதிகம், சிலருக்கு அது உறிஞ்சப்படாமல் அப்படியே கீழே இறங்கும். சுகர்காரர் எவ்வளவு மாம்பழம் சாப்பிடலாம் என்பது வேறு கதை.

ராகிக் களியை மட்டும் விட்டுவிடாதீர்கள். 100 கிராம் ராகியில் சுமார் 11 கிராம் நார்ச்சத்து, தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை. குடல் பாக்டீரியாவுக்குத் தீனி அந்த நார்தான். ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பல நாள் விட்டுப்போயிருந்தால் சிறிய உருண்டையில் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் கூட்டுங்கள், ஒரேயடியாகக் கூட்டினால் ஊதும். இறுகும் நாட்களுக்கு இசப்கோல் ஒரு டீஸ்பூன், ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு. தண்ணீர் குறைந்தால் அது இன்னும் இறுக்கிவிடும்.

இதற்கெல்லாம் அடங்காவிட்டால் டாக்டர் பார்க்கச் சொல்வது ரத்த எண்ணிக்கை, தைராய்டு, சாதாரண மலப் பரிசோதனை, மலத்தில் கால்ப்ரொடெக்டின். கடைசியில் சொன்னது குடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும். ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழ் என்றால் பெரும்பாலும் இல்லை. 250-க்கு மேல் போனால் கொலனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) பற்றிப் பேச வேண்டியிருக்கும். மூட்டு வலிக்கு டைக்லோஃபெனாக் மாதிரி மாத்திரை போட்டிருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், அது இந்த எண்ணை ஏற்றிக் காட்டும். ஹெச்.பைலோரி என்ற இரைப்பைக் கிருமிக்கு மலப் பரிசோதனை என்றால் டாக்டரைக் கேட்டுப் பான்டோபிரசோலை இரண்டு வாரம் நிறுத்திய பிறகுதான். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை இறங்குவது, ரத்த சோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, விடாத காய்ச்சல், வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய்: இதில் ஒன்று இருந்தாலும் மேலே சொன்ன இரண்டு வாரச் சோதனை எதுவும் வேண்டாம். நேராகத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள், மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொண்டு.

அத்தனைக்குப் பிறகும் ஆசைக்காக எடுக்கிறேன் என்றால் எடுக்கலாம், கெடுதல் பர்ஸுக்கு மட்டும்தான். கட்டுவதற்கு முன் நிறுவனத்திடம் சிலவற்றைக் கேளுங்கள். பாக்டீரியாவின் ஒரே ஒரு மரபணுவை மட்டும் படிக்கும் 16-எஸ் முறையா, மாதிரியில் உள்ள எல்லா டி.என்.ஏ.வையும் படிக்கும் ஷாட்கன் முறையா? முன்னது பெரும்பாலும் பேரினம் வரைதான் சொல்லும், பின்னது இனம் வரை போகும். மூலத் தரவைத் தருவார்களா? உங்கள் மாதிரியும் தகவலும் பிறகு யாரிடம் போகும்? ரிப்போர்ட் தருபவரே அதன் கடைசிப் பக்கத்தில் புரோபயாடிக் கேப்ஸ்யூலும் விற்கிறாரா? விற்றால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் படியுங்கள்.

மாதிரி எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆன்டிபயாடிக் முடித்து இரண்டு மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும். பேதி மருந்து சாப்பிட்ட வாரத்தில் எடுக்கக் கூடாது. மலம் கழிப்பறைத் தண்ணீரிலோ சிறுநீரிலோ படாமல் காகிதத்தில் பிடித்து, இரண்டு மூன்று இடங்களிலிருந்து மொத்தமாக ஒரு பட்டாணி அளவு மட்டும். அதிகம் போட்டால் நிறுவனம் அனுப்பும் மாதிரிக் குழாயில் இருக்கும் பதப்படுத்தும் திரவம் போதாது. மூடி இறுக்கி, கட்டி கரையும்வரை குலுக்குங்கள். திரவம் இல்லாத வெறும் டப்பா வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். சித்திரை வெயிலில் கூரியர் வண்டியில் ஒரு நாள் கிடந்தாலே ஈ.கோலை வகையறா டப்பாவுக்குள் பெருகிவிடும், ரிப்போர்ட்டில் வருவது வண்டியில் வளர்ந்த பாக்டீரியாவாக இருக்கும். திங்கள், செவ்வாயில் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை கொடுத்தால் ஞாயிறு முழுவதும் ஏதாவது ஒரு குடோனில் கிடக்கும்.