தண்ணீர் ஓடினால் அறை குளிருமா? – கணினி கேள்வி பதில்

சென்ற இதழில் டெஸ்க்டாப் கம்ப்யூட்டரைத் தண்ணீரால் குளிர்விப்பது பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களிலிருந்தே இந்த இதழுக்கான கேள்விகளை எடுத்திருக்கிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஏசி, சில்லர் பராமரிப்பில் பல காலம் இருந்துவிட்டு, கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய வந்தவன் நான். சூடு எங்கிருந்து எங்கே போகிறது என்பதுதான் எனக்கு இரண்டு தொழிலிலும் வேலை.

விஎஃப்எக்ஸ் வேலை செய்கிறேன். மொட்டை மாடிக்கு நேர் கீழே அறை. இரவெல்லாம் ரெண்டர் (காட்சிகளைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுப் படமாக்கும் வேலை) ஓடும். மே மாதத்தில் கிராபிக்ஸ் கார்டு 84 டிகிரியைத் தொடுகிறது, ஃபேன் இரைச்சலில் தூங்க முடியவில்லை. கார்டு 300 வாட், பிராசஸர் 150 வாட் எடுக்கிறது. கஸ்டம் வாட்டர் கூலிங் போட்டால் ஏசியை நிறுத்திவிடலாமா? – சாலிகிராமம் வாசகர்

நிறுத்த முடியாது தம்பி. 300-ம் 150-ம் சேர்ந்து 450 வாட். மின்சாரமாக உள்ளே போகும் அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும். ஃபேன் வைத்தாலும் அதே 450, தண்ணீர் விட்டாலும் அதே 450. ஒரு டன் ஏசி அறையிலிருந்து வெளியே தள்ளும் சூடு சுமார் 3,500 வாட். அதில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு உங்கள் கேபினட்டுக்கே சரியாகிவிடுகிறது.

வீட்டு ஏர் கூலரை மனதில் வைத்துக்கொண்டுதான் பலரும் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். ஏர் கூலரில் தண்ணீர் ஆவியாகிறது, அதனால் காற்று குளிர்கிறது. கஸ்டம் லூப், அதாவது பம்ப், தண்ணீர்த் தொட்டி, டியூப், ரேடியேட்டர் எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கி நாமே கட்டும் வாட்டர் கூலிங், ஒரு மூடிய சுற்று. பிராசஸர் மேலும் கார்டின் மேலும் உட்கார்ந்திருக்கும் செம்பு பிளாக்குகள் வழியாகத் தண்ணீர் ஓடிச் சூட்டை வாங்குகிறது. ரேடியேட்டரில் அந்தச் சூட்டை ஃபேன் பிடுங்கி அறைக் காற்றில் விடுகிறது. ஆகவே லூப்பில் ஓடும் தண்ணீர் அறையைவிடக் குளிர்ச்சியாக ஆகவே ஆகாது. ரேடியேட்டர் தாராளமாக இருந்தால் அறையைவிடப் பத்து டிகிரி மேலே நிற்கும். உங்கள் அறை 36 டிகிரி என்றால் தண்ணீர் 46.

அப்படியானால் எதற்கு இவ்வளவு செலவு? இரைச்சல் போகும், கார்டு பிழைக்கும். கார்டோடு வரும் சின்ன ஃபேன்கள் 300 வாட்டைக் குறுகலான இடத்தில் தள்ள வேண்டியிருப்பதால்தான் அப்படி அலறுகின்றன. மூன்று ஃபேன் மாட்டும் 360 ரேடியேட்டர் இரண்டு போட்டால், ஆறு பெரிய ஃபேன்கள் மெதுவாகச் சுழன்றே அந்த வேலையை முடித்துவிடும். கார்டின் சிப் பிளாக்கை நேரடியாகத் தொடுவதால் தண்ணீரைவிட 15, 20 டிகிரி மேலே நின்றுவிடும். 84 இருந்த இடத்தில் 65-ஐ ஒட்டி எதிர்பார்க்கலாம். பிராசஸரில் இந்த அளவு லாபம் கிடைக்காது. அதன் சிப்புக்கும் பிளாக்குக்கும் நடுவே ஓர் உலோக மூடி இருக்கிறது, சிப்பும் விரல் நகம் அளவுதான், சூடு அங்கேயே தேங்கிவிடும். பிராசஸருக்கு மட்டும் கஸ்டம் லூப் கேட்டு வருகிறவர்களை, பிராசஸர் மேல் மாட்டும் நல்ல ஃபேன் கூலர் வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிடுவேன்.

உங்களுக்கு நான் ஒன்று சொல்கிறேன், யோசித்துப் பாருங்கள். ரேடியேட்டரை அறைக்கு வெளியே வையுங்கள். இதற்கென்றே பெரிய தனி ரேடியேட்டர்கள் வருகின்றன. சுவரில் ஒரு துளை, இரண்டு ரப்பர் டியூப், கழற்றி மாட்ட குயிக் டிஸ்கனெக்ட் ஃபிட்டிங். வெயிலும் மழைச்சாரலும் படாத சன்ஷேடுக்குக் கீழே இடம் பாருங்கள். ரெண்டர் இரவில்தானே ஓடுகிறது? மே மாத இரவில் வெளிக்காற்று 29, 30 டிகிரியில் இருக்கும், தண்ணீர் 40-லேயே நிற்கும். 450 வாட்டில் பெரும்பகுதி அறைக்குள் வரவே வராது. ஏசியை நிறுத்த முடியாவிட்டாலும் அதன் பாரம் நன்றாகக் குறையும்.

வாங்குவதற்கு முன் டேப்பை எடுத்துக் கேபினட்டை அளந்துவிடுங்கள். 360 ரேடியேட்டர் என்றால் மூன்று 120 மி.மீ. ஃபேன் மாட்டும் அளவு என்றுதான் பொருள். இரு முனைத் தொட்டிகளையும் சேர்த்து நீளம் 400 மி.மீ. அளவுக்கு வந்துவிடும். தடிமன் 30, ஃபேன் 25, ஆக 55 மி.மீ. மேல்பக்கம் மாட்டினால் இந்த 55 மி.மீ.தான் ராமிலோ மதர்போர்டு ஹீட்சிங்க்கிலோ போய் முட்டும். கார்டுக்கான பிளாக்கைச் சிப் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஒரே சிப்பை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமான போர்டில் வைக்கும், திருகுத் துளை மாறும். கூலரைக் கழற்றினால் வாரன்டி நிற்குமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு பிளாக், பம்ப், ரேடியேட்டர், ஃபிட்டிங் எல்லாம் சேர்ந்தால் அரை லட்சத்தை எளிதாகத் தாண்டும். டியூப்பின் ஒவ்வொரு முனைக்கும் ஒரு ஃபிட்டிங் வேண்டும், பட்ஜெட் போடும்போது பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அந்தப் பணத்தில் கையை வைக்கும் முன் மொட்டை மாடிக்கு வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடித்துவிடுங்கள். அறைச் சூடு எத்தனை டிகிரி இறங்குகிறதோ, தண்ணீரும் அத்தனை டிகிரி இறங்கும்.

லூப் தொட்டியில் ஐஸ் போட்டால் என்ன? – கொளத்தூர் வாசகர்

450 வாட் சூடு ஒரு கிலோ ஐஸைப் பன்னிரண்டு நிமிடத்தில் கரைத்துவிடும். ராத்திரி முழுக்க ரெண்டர் ஓட்ட எத்தனை கிலோ வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். அதைவிடப் பெரிய ஆபத்து நம் ஊர்க் காற்று. சென்னைக் கோடையில் 25 டிகிரிக்குக் கீழே போன எந்தப் பரப்பும் வியர்க்கும். டியூப், பிளாக், மதர்போர்டின் பின்பக்கம் எல்லாம் நனையும். லீக் என்றால் ஒரே இடத்தில் தெரியும், இது எல்லா இடத்திலும் வரும். செய்யவே செய்யாதீர்கள்.

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் டிஸ்டில்டு வாட்டருக்குச் சமம் என்கிறார்கள். அதையே லூப்பில் ஊற்றலாமா? அல்லது கேன் தண்ணீர்? – வேளச்சேரி வாசகி

இரண்டும் வேண்டாம் அம்மா. ஏசித் தண்ணீர் காற்றிலிருந்து பிறக்கும்போது சுத்தம்தான். அது ஃபின் என்ற மெல்லிய அலுமினியத் தகடுகளில் வழிந்து, அறையின் தூசியை எல்லாம் கழுவிக்கொண்டு, அடித் தட்டில் தேங்கி, அதன் பிறகுதான் குழாய்க்கு வருகிறது. அந்தத் தட்டைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: விரலை வைத்தால் வழவழவென்று, ஜெல்லி போல ஒரு படலம் ஒட்டிக்கொண்டு வரும். அத்தனையும் கிருமிகள் வளர்த்த படலம். 40 டிகிரி சூட்டில், வெளிச்சத்தில், கண்ணாடி போன்ற டியூப்புக்குள் அதை விட்டால் இன்னும் கொண்டாட்டமாக வளரும். பிளாக்குக்குள் இருக்கும் செம்புக் கோடுகளின் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இருக்காது. முதலில் அடைபடுவது அங்கேதான்.

கேன் தண்ணீரில் உப்பு குறைவு, ஆனால் இருக்கிறது. போர் தண்ணீர் பற்றிச் சொல்லவே வேண்டாம், உங்கள் வீட்டு கீசர் காயிலில் படியும் வெள்ளைக் காரையே சாட்சி. கம்ப்யூட்டர் லூப்புக்கென்று வரும் கூலன்ட்டை வாங்குங்கள். இல்லையென்றால் லேபிள் ஒட்டி சீல் வைத்த டிஸ்டில்டு வாட்டரில், துருத் தடுப்பும் கிருமித் தடுப்பும் சேர்ந்த மருந்தை அதன் பாட்டிலில் போட்டிருக்கும் அளவுக்குக் கலந்து ஊற்றுங்கள். கார் கூலன்ட் வேண்டாம். அதில் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் இருக்கும். இனிக்கும், ஆனால் விஷம். வீட்டில் குழந்தையோ நாயோ இருந்தால் அந்த பாட்டிலே ஆகாது. பால் போலவும் மினுமினுப்பாகவும் இருக்கும் கலர் கூலன்ட்களில் மிதப்பது நுண்ணிய துகள்கள். அவை நாளடைவில் பிளாக்கில் படியும். படம் எடுக்க அழகு, தினமும் வேலை செய்யும் மெஷினுக்கு ஆகாது.

ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். பிளாக் செம்பு, ரேடியேட்டர் அலுமினியம் என்று கலந்துவிடக் கூடாது. இரண்டு உலோகமும் ஒரே தண்ணீரில் நின்றால் அலுமினியத்தைத் தண்ணீர் அரிக்க ஆரம்பிக்கும். விலை குறைந்த கிட்களில் ரேடியேட்டர் பெரும்பாலும் அலுமினியம்தான். செம்பு, பித்தளை, நிக்கல் பூசிய செம்பு ஆகியவை ஒன்றோடொன்று ஒத்துப்போகும்.

என் மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான். சேமித்த பணத்தில் வாட்டர் கூல்டு கம்ப்யூட்டர் கட்டப் போகிறேன் என்று நிற்கிறான். மின்சாரத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் என்றாலே எனக்குப் பயமாக இருக்கிறது. – மயிலாப்பூர் வாசகி

உங்கள் பயம் நியாயமானது அம்மா. கேபினட்டுக்குள் 230 வோல்ட் போவது எஸ்எம்பிஎஸ் என்ற மூடிய பெட்டிக்குள் மட்டும்தான். அதிலிருந்து வெளியே வருவது 12 வோல்ட்டும் அதற்குக் குறைவானதும். ஆகவே லீக் ஆனால் பையனைவிட மதர்போர்டுக்குத்தான் ஆபத்து. ஆனாலும் பிளக் பாயின்ட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள், வீட்டில் மின்கசிவு ஏற்பட்டதும் கரன்ட்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லை என்றால் இதைச் சாக்காக வைத்துப் போட்டுவிடுங்கள். கம்ப்யூட்டர் இல்லாத வீட்டுக்கும் அது வேண்டும்.

பையனிடம் லீக் டெஸ்ட் செய்யாமல் மதர்போர்டுக்குக் கரன்ட் கொடுக்க மாட்டேன் என்று வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள். முறை இதுதான். தண்ணீர் ஊற்றுவதற்கு முன், கைப்பம்ப் வைத்த பிரஷர் கேஜை லூப்பில் மாட்டி அரை பார் அழுத்தத்துக்குக் காற்று ஏற்ற வேண்டும். முள் கால் மணி நேரம் அசையாமல் நின்றால் சரி. பிறகு மதர்போர்டு, கார்டு எல்லாவற்றின் ஒயரையும் பிடுங்கிவிட்டு பம்ப்புக்கு மட்டும் இணைப்பு. எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின் கனெக்டரில் மாட்டும் சின்ன பிரிட்ஜ் பிளக் ஒன்று கிடைக்கும், அதைச் செருகினால் மதர்போர்டு இல்லாமலே பம்ப் ஓடும். ஒவ்வொரு ஃபிட்டிங்குக்குக் கீழும் வெள்ளை டிஷ்யூ பேப்பரை மடித்து வைக்க வேண்டும். ஒரு துளி விழுந்தாலும் பேப்பரில் வட்டமாகத் தெரியும். கேபினட்டை இப்படியும் அப்படியும் மெதுவாகச் சாய்த்தால் காற்றுக் குமிழிகள் தொட்டிக்கு ஏறி வரும், நீர் மட்டம் இறங்கும், மறுபடி ஊற்ற வேண்டும். பம்ப்பைத் தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது. உள்ளே இருக்கும் பேரிங்குக்கு அந்தத் தண்ணீர்தான் மசகு. ஒரு நாள் முழுக்க ஓடி, பேப்பர் காய்ந்தபடி இருந்தால் மற்ற ஒயர்களை மாட்டலாம்.

ஃபிட்டிங்குகளை ஸ்பேனர் போட்டு இறுக்க விடாதீர்கள். தண்ணீரை நிறுத்துவது உள்ளே இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். கையால் இறுக்கினாலே போதும், மேலே போனால் அக்ரிலிக் பிளாக் விரிசல் விடும். ‘மின்சாரம் கடத்தாத கூலன்ட்’ என்ற விளம்பரத்தையும் நம்ப வேண்டாம். உலோகங்களோடு பழகப் பழக எந்தத் தண்ணீரும் கடத்த ஆரம்பித்துவிடும்.

மகனைத் தடுக்காதீர்கள் என்றே கேட்டுக்கொள்கிறேன். இந்த வயதில் வெப்பம், ஓட்டம், உலோகம், அழுத்தம் எல்லாவற்றையும் கையால் தொட்டுப் படிக்க இதைவிட நல்ல வழி அபூர்வம். காலேஜ் ஹாஸ்டல் என்றால் மட்டும் ஓராண்டு பொறுக்கச் சொல்லுங்கள். தண்ணீரோடு மெஷினை பஸ்ஸில் தூக்கிப் போக முடியாது.

தண்ணீர் முதலில் பிராசஸருக்குப் போக வேண்டுமா, கார்டுக்கா? நடுவில் ஒரு ரேடியேட்டர் கட்டாயமா? – அண்ணா நகர் வாசகர்

எப்படிப் போனாலும் சரி. நிமிடத்துக்கு மூன்று லிட்டர் ஓடும் லூப்பில் 450 வாட்டை ஏற்றினால், ஒரு முழுச் சுற்றில் தண்ணீரின் சூடு ஏறுவது இரண்டு டிகிரிக்குச் சற்று அதிகம், அவ்வளவே. டியூப் எந்த வழியில் குட்டையாகவும் மடங்காமலும் வருகிறதோ அந்த வழியில் விடுங்கள். தொட்டி மட்டும் பம்ப்புக்கு முன்னால், அதைவிட உயரத்தில் இருக்கட்டும். மிகத் தாழ்வான இடத்தில் ஒரு வடிகால் வால்வும் வையுங்கள்.

திருவான்மியூரில் கடலுக்குப் பக்கத்தில் வீடு. உப்புக் காற்று ரேடியேட்டரை அரிக்குமா? – திருவான்மியூர் வாசகர்

அரிக்கும். உங்கள் தெருவில் உள்ள ஏசி அவுட்டோர் யூனிட்களின் ஃபின்களைப் பாருங்கள், வெள்ளைப் பொடியாக உதிர்ந்துகொண்டிருக்கும். கேபினட்டைக் கடல் பார்த்த ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். செம்பு ஃபின் உள்ள, பெயின்ட் நன்றாகப் பிடித்த ரேடியேட்டரை வாங்குங்கள். சாலிகிராமம் தம்பிக்குச் சொன்ன வெளி ரேடியேட்டர் யோசனை உங்களுக்கு வேண்டாம்.

ஹார்ட் டியூப்பா, சாஃப்ட் டியூப்பா? எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும்? – தாம்பரம் வாசகர்

முதல் லூப் என்றால் கறுப்பு இபிடிஎம் ரப்பர் டியூப். வெளிச்சம் உள்ளே போகாது, பாசி பிடிப்பது குறையும். தெளிவான பிவிசி டியூப்பை மிருதுவாக்கச் சேர்க்கும் பிளாஸ்டிசைசர் நாளாக ஆகக் கசிந்து பிளாக்கில் கொழகொழவென்று படியும். ஹார்ட் டியூப்தான் வேண்டும் என்றால் அக்ரிலிக் எடுங்கள். பிஇடிஜி என்ற இன்னொரு பிளாஸ்டிக் வளைக்க எளிது, ஆனால் 80 டிகிரியை நெருங்கும் முன்பே தளர ஆரம்பிக்கும். ஏற்கெனவே 46 டிகிரி ஓடும் லூப்பில் பம்ப் ஒருநாள் நின்றுபோனால் ஃபிட்டிங்கை விட்டு நழுவும் அபாயம் உண்டு. அக்ரிலிக்கை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், மயிரிழை விரிசல் விடும்.

புது ரேடியேட்டருக்குள் பற்றவைப்புக் கசடு இருக்கும். மாட்டும் முன்பே சூடான டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக் குலுக்கி, தெளிந்து வரும்வரை கொட்டுங்கள். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, வெயில் ஏறும் முன் மாசி மாதத்தில் வடித்து, பிளாக்கைத் திறந்து, மெல்லிய டூத் பிரஷ்ஷால் கோடுகள் போகும் திசையிலேயே தேய்த்துக் கழுவிப் புதுக் கூலன்ட் விடுங்கள். ரேடியேட்டர் தூசியை மட்டும் மாதாமாதம் ஊதிவிடுங்கள். தொட்டியில் மங்கலோ படலமோ தெரிந்தால் மாசி வரும்வரை காத்திருக்காதீர்கள், அந்த வாரமே வடித்துவிடுங்கள்.